சுல்தான் காரி: நிலத்தடியில் ஓர் அரச குடும்பம்

தலைநகரில் குடியேறிய நம்மவர்க்குக் குதுப் மினாரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஊரிலிருந்து உறவினர் வந்திறங்கிய மறுநாளே அழைத்துச் சென்று காட்டிவிடுகிறோம். ஆனால் மெஹ்ரோலியிலிருந்து மஹிபால்பூர் செல்லும் சாலையில், வசந்த் குஞ்சின் அடுக்குமாடி வீடுகளுக்கு அப்பால், முட்செடிகளுக்கு நடுவே ஒதுங்கி நிற்கும் சுல்தான் காரியைக் காட்டுவோர் மிக அரியர். நம் அன்பர்கள் பலர் அதற்கு அண்மையிலேயே வசிக்கின்றனர் என்பதால், அதைப் பற்றிச் சிறிது எழுத விழைகிறோம்.

‘கார்’ என்பது குகையைக் குறிக்கும் அரபுச் சொல். பாரசீகத்திலும் உருதுவிலும் வழங்குவது. நம் கார்மேகத்துக்கும் அதற்கும் உறவில்லை. குகைக்குள் உறையும் சுல்தான் என்று மக்கள் இட்ட பெயரே நிலைத்துவிட்டது. உள்ளே உறங்குபவனோ சுல்தான் அல்லன், சுல்தானாக வேண்டியிருந்தவன்.

தந்தையின் கதையிலிருந்து தொடங்குவதே முறை. இல்துத்மிஷ் துருக்கிய இனக்குழு ஒன்றில் பிறந்தவன். பொறாமை கொண்ட உடன்பிறந்தோரே சிறுவனாக இருந்த அவனை அடிமையாக விற்றனர் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் மின்ஹாஜ் குறித்துள்ளார். குத்புத்தீன் ஐபக்கின் அடிமையாகத் தில்லிக்கு வந்து, அவனுக்கே மருமகனாகி, 1211-இல் அரியணை ஏறினான். அவனுடைய மூத்த மகன் நாசிருத்தீன் மஹ்மூத். 1227-இல் வங்காளத்தின்மீது படையெடுத்து, அங்கே தனியரசு நடத்திய கியாசுத்தீன் இவாஸை வென்று, லக்னௌதியிலிருந்து அந்நாட்டை ஆண்டான். இன்றைய மால்டாவுக்கு அருகே சிதைந்து கிடக்கும் கௌர் நகரமே அந்த லக்னௌதி.

1229-இல் பாக்தாதின் கலீபா, இல்துத்மிஷை சுல்தானாக ஏற்று மரியாதை உடைகள் அனுப்பினார். தந்தை அவற்றுள் ஒன்றை வங்காளத்திலிருந்த மகனுக்கு அனுப்பினான். அடுத்த அரசன் யார் என்பதை உலகுக்கு உணர்த்த வேறென்ன வேண்டும்? அவ்வாண்டே இளவரசன் நோயுற்று இறந்தான். அடிமைச் சந்தையில் விலைபோனவன் கட்டியெழுப்பிய அரசுக்கு வாரிசு இல்லாமற் போயிற்று. பிள்ளைகள் வேறு பலர் இருந்தனர். நம்பத்தக்கவன் என்று அவன் கருதியவன் இல்லை. பின்னர் பிறந்த ஒரு குழந்தைக்கும் இறந்தவனின் பெயரையே இட்டனர். துயரத்தின் ஆழம் அதிலிருந்தே விளங்கும்.

ஹிஜ்ரி 629-இல், அதாவது 1231 வாக்கில், தந்தை எழுப்பிய நினைவிடமே சுல்தான் காரி. நமக்குத் தெரிந்தவரை இந்தியாவில் பெருமுயற்சியோடு எழுப்பப்பட்டு இன்றும் நிற்கும் இஸ்லாமியக் கல்லறைகளில் இதுவே முதன்மையானது. வெளியிலிருந்து காண்போர் இதைச் சிறு கோட்டை என்றே எண்ணுவர். உயர்ந்த மேடைமீது சதுரமான மதில். நான்கு மூலைகளிலும் உருண்ட கொத்தளங்கள். கிழக்கே படிகளேறிச் செல்லும் வாயில். வாயிலைச் சுற்றிய பளிங்கில் அரபு எழுத்துக்கள் கட்டியவன் பெயரையும் ஆண்டையும் கூறுகின்றன. மேற்கே பளிங்கு மிஹ்ராபுடன் தொழுகைக் கூடம். அங்குள்ள தூண்களிற் சில இதற்கு முந்திய கோயில்களிலிருந்து கொணரப்பட்டவை. சிற்றுளி வேலையைக் கண்டதும் நம்மவர் கண்கள் அதை அறிந்துகொள்ளும்.

முற்றத்தின் நடுவே வரும்போதுதான் வியப்பு. குவிமாடம் இல்லை, மேலே சமாதிக் கல்லும் இல்லை. எண்கோண வடிவில் தாழ்ந்த மேடை ஒன்று மட்டும் தரையிலிருந்து எழுந்து நிற்கிறது. அது மேடையன்று, நிலவறையின் கூரை! பக்கத்தில் ஓர் ஆள் குனிந்து நுழையும் வழி. குறுகிய, செங்குத்தான படிகளில் சுவரைப் பற்றிக்கொண்டு இறங்கினோம். கோடையிலும் உள்ளே குளிர்ச்சி. கண் பழகியபின் தூண்களும், கூரையைத் தாங்கும் கல் உத்தரங்களும், மேற்குப் பக்கத்தில் துணி போர்த்திய சமாதியும் தெரிந்தன. அது இளவரசனுடையது என்பர். உடன் வேறு சிலவும் உள்ளன, அவற்றின்மீது பெயரில்லை.

உடலை மண்ணுக்குள்ளும் அடையாளக் கல்லை மேலேயும் வைப்பது பிற்காலத்தில் பெருவழக்காயிற்று, தாஜ்மகாலும் அப்படித்தான். இல்துத்மிஷின் கல்லறை குதுப் வளாகத்தில் இருக்கிறது. அங்கு மேலே பளிங்குக் கல் காணப்படுகிறது. அதன் அடியிலுள்ள உண்மையான நிலவறை 1914-இல் தொல்லியல் துறையினர் தோண்டியபோதே வெளிப்பட்டது. மகனுக்கு மேலே அடையாளம் வைக்காமல் விட்டது ஏனோ!

மற்றப் பிள்ளைகளின் கதை சுருக்கமானது. தந்தை மகள் ரஸியாவையே வாரிசாகக் குறித்திருந்தும், 1236-இல் பிரபுக்கள் ருக்னுத்தீன் பிரோஸை அரியணையில் அமர்த்தினர். அவன் ஆட்சி ஆறு மாதத்துக்குச் சற்றே கூடுதல். பின் ரஸியா 1240 வரை. அவளுக்குப்பின் தம்பி முயிஸுத்தீன் பஹ்ராம் 1242 வரை. மூவரும் வன்முறையிலேயே மாண்டனர். சகோதரர் இருவருக்கும் உரியவை என்று கருதப்படும் தூண் மண்டபங்கள் சுல்தான் காரியின் வெளிப்புறத்தில், மூத்தவனின் காலடியில் நிற்பவைபோல் இருக்கின்றன. நூறாண்டுகளுக்கு மேற்பட்டபின் பிரோஸ் ஷா துக்ளக் இக்கல்லறைகளைப் பழுது பார்த்ததைத் தன் குறிப்பில் எழுதிவைத்துள்ளான். ரஸியாவின் சமாதியோ, துர்க்மான் வாயிலுக்கு உள்ளே, வீடுகள் நெருக்கும் சந்தின் முடிவில் வெட்டவெளியில் கிடக்கிறது என்பர்.

ஆண்டவர்களை யாரும் தேடி வருவதில்லை. ஆளாதவனைத் தேடி வியாழக்கிழமைதோறும் வருகின்றனர். சுற்றுக் கிராமங்களின் இந்துக்களும் முஸ்லிம்களும் அவனைப் பீர் என்றே கொண்டாடுகின்றனர். அகல் விளக்கு, ஊதுவத்தி, பூ, இனிப்பு, எல்லாம் அந்த இருட்டுக்குள் இறங்குகின்றன. இளவரசன் வங்காளத்தை வென்றதோ கலீபாவின் உடையைப் பெற்றதோ அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. புதுமணப் பெண்ணை அழைத்து வந்து வணங்கச் செய்யும் வழக்கமும் உண்டு. கூரை கறுத்திருப்பது அந்த விளக்குகளின் புகையால்.

செல்ல விரும்புவோர் பகலிலேயே செல்லவேண்டும். கையில் மின்விளக்கு இருப்பது நன்று. முழங்கால் வலியுள்ள பெரியோர் படியிறங்காமல், எண்கோண மேடையருகே மரநிழலில் அமர்ந்து இளைப்பாறலாம். நிலவறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டே இறங்குகின்றனர். நாமும் அவ்வாறே செய்வது முறை.