இடப்பக்கத்து நடை

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலே, கிளாஸ்டர்ஷயரைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் உள்ள என் மகள் வீட்டில் ஓர் இலையுதிர்காலம் முழுவதையும் கழிக்க நேர்ந்தபோது, செவ்வாய்க்கிழமை தவறாமல், மழையாயினும் மூடுபனியாயினும், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் அணிந்துகொண்டு காலை ஏழரை மணிக்கெல்லாம் புறப்பட்டுச் செல்லும் அடுத்த வீட்டு அம்மையாரை ஜன்னல் வழியாகப் பல வாரம் பார்த்திருந்தேன். நாற்பது வருஷம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதைக் கடந்தவர். ஒருநாள் வேலியருகே நின்று, எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தேன். மாற்றுத்திறனுள்ள குழந்தைகளுக்குக் குதிரைச் சவாரியின் மூலம் பயிற்சியளிக்கும் நிலையம் ஒன்று இரண்டு மைல் தொலைவில் இருப்பதாகவும், சம்பளம் வாங்குவோர் அங்கே எவருமில்லை என்றும், தாமே அதன் ஆட்பட்டியலைக் கவனித்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டு, "நீங்கள் ஒரு மணி நேரம் நிற்காமல் நடப்பீர்களா?" என்று கேட்டார். நடப்பேன் என்றேன்.

பழைய பால்பண்ணை ஒன்றையே அந்த நிலையத்தார் குதிரை லாயமாக மாற்றியிருந்தார்கள். கல்சுவர்களுக்கு நடுவே ஆறு குதிரைகள். அப்பால் 20 மீட்டர் அகலமும் 40 மீட்டர் நீளமும் கொண்ட, மணல் பரப்பிய, கூரை வேய்ந்த சவாரிக் கூடம். குழந்தைகள் பத்து மணிக்கு வருவார்கள் என்றால் வேலை எட்டு மணிக்கே ஆரம்பமாகிவிடுகிறது. மேய்ச்சல் வெளியிலிருந்து குதிரைகளைக் கயிற்றில் பிடித்து வருவதும், குளம்புக் குழிகளில் இறுகிய சேற்றையும் சிறு கற்களையும் கொக்கியால் கெல்லி எடுப்பதும், லத்தியை வாரித் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொட்டுவதும், பிறகு உடம்பெங்கும் பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் முடிவதற்குள் அந்தக் குளிரிலும் முதுகில் வியர்வை கசிந்துவிடுகிறது. வயிற்றுவார் படியும் இடத்தில் உலர்ந்த மண் ஒரு துணுக்கு தங்கியிருந்தாலும் அது தோலை உராய்ந்து புண்ணாக்கிவிடும் என்பதனால், அந்த இடத்தை மட்டும் ஒருவர் பிரஷ்ஷால் தேய்த்தபின் இன்னொருவர் வெறுங்கையால் தடவிப் பார்க்கிறார்.

எனக்கு அங்கே மிகுந்த ஆச்சரியத்தை அளித்தது புல்லைப் பற்றிய பயம். புல்லில்லாத வறட்சியைக் கண்டு கால்நடைகளுக்காக அஞ்சுகிற தேசத்திலிருந்து போனவனுக்கு, பச்சைப் பசேலென்ற வயலைக் காட்டி, அதிலே குதிரை அதிகம் மேய்ந்துவிடக் கூடாதென்று வேலி கட்டுவதைப் பார்த்தால் எப்படியிருக்கும்! வசந்த காலத்திலும் இலையுதிர்காலத்து மழைக்குப் பிறகும் தழைக்கும் இளம்புல்லில் சர்க்கரைச் சத்து மிகுந்துவிடுகிறதாம். அதனை மட்டக்குதிரைகள் அளவின்றித் தின்றால், குளம்பின் ஓட்டை உள்ளெலும்போடு பிணைத்திருக்கும் மென்தகடுகள் அழற்சி கண்டு, நிற்கவே முடியாத வேதனை உண்டாகி, சில சமயம் குதிரையையே இழக்க நேரிடுமாம். ஆகவே வைக்கோலையும் உலர்புல்லையும் நிறுத்துப் போடுகிறார்கள்.

இத்தனை பிராணிகள் இருக்கக் குதிரையை ஏன் இதற்கென்று தேர்ந்தார்கள் என்பதற்கு, அன்பு, தோழமை முதலான பதில்களே எனக்கு முன்பு தெரிந்திருந்தன. அவையும் உண்மையே. ஆனால் அதன் மூல ரகசியம் நடையில் இருக்கிறது. குதிரை மெல்ல நடக்கும்போது நான்கு குளம்புகளும் தனித்தனியே, நான்கு தாளமாகத் தரையில் விழுகின்றன. அப்போது அதன் முதுகு மேலும் கீழுமாகவும், முன்னும் பின்னுமாகவும், பக்கவாட்டிலுமாக ஒரே சமயத்தில் அசைந்து, மேலே அமர்ந்திருப்பவரின் இடுப்பெலும்பை, அவர் தம் கால்களால் நடந்தால் எவ்வாறு அசையுமோ ஏறக்குறைய அவ்வாறே அசைக்கிறது. பிறந்தது முதல் ஓர் அடியேனும் தானாக எடுத்து வைத்தறியாத குழந்தைக்கு, நடத்தல் என்பது உடம்புக்குள்ளே எத்தகைய அநுபவம் என்பதை நிமிஷத்துக்குச் சுமார் 100 முறை இந்தப் பிராணி சொல்லிக் கொடுக்கிறது. ஒவ்வோர் அசைவுக்கும் ஈடாக அக்குழந்தையின் முதுகும் வயிறும் தம்மையறியாமல் நிமிர்ந்து சமன்செய்துகொள்கின்றன. மூளை முடக்குவாதத்தினால் தொடைகள் ஒன்றோடொன்று இறுகிக் கத்தரிபோல் பின்னிக்கொள்ளும் குழந்தைகளுக்கு, அகன்ற முதுகின்மேல் கால்களைப் பரப்பி உட்காருவதே ஒரு சிகிச்சை. மேலும் மனித உடலைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி கூடுதலான குதிரையின் உடற்சூடு, சேணத்துக்குப் பதிலாக ஆட்டுத்தோல் விரிப்பை மட்டும் போட்டு உட்கார வைக்கையில், அந்த இறுக்கத்தை மெல்ல இளக்குகிறது.

இதை உலகம் நம்புவதற்கு ஒரு பெண்மணியின் வாழ்க்கை காரணமாயிற்று. டென்மார்க் நாட்டு லிஸ் ஹார்டெல், 1944-ஆம் ஆண்டில், 23 வயதில், இரண்டாவது குழந்தையைச் சுமந்திருந்த சமயத்தில் இளம்பிள்ளை வாதத்தினால் பீடிக்கப்பட்டார். முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலற்றுப் போயின. அப்படியிருந்தும் விடாப்பிடியாகச் சேணத்துக்குத் திரும்பி, பிறர் தூக்கி ஏற்றவும் இறக்கவும் வேண்டிய நிலையிலேயே, 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், ஆண்களோடு பெண்களும் சரிசமமாக டிரெஸ்ஸாஜ் என்னும் குதிரை நடைப் போட்டியில் கலந்துகொள்ள முதன்முதலாக அநுமதிக்கப்பட்ட அந்த வருஷத்திலேயே, ஜூபிலி என்னும் தம் குதிரையின்மீது அமர்ந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1956-இல் மறுபடியும் பெற்றார். இத்தகைய நம்பிக்கையில் இங்கிலாந்தில் ஆங்காங்கே தோன்றியிருந்த சிறு குழுக்கள் 1969-ஆம் ஆண்டில் 'ரைடிங் ஃபார் தி டிஸேபிள்ட் அஸோஸியேஷன்' என்ற சங்கமாக ஒன்றுகூடின. அதன் கிளைகள் இன்று பிரிட்டனின் நாலா திசைகளிலும், பெரும்பாலும் தொண்டர்களின் கைகளாலேயே, நடந்து வருகின்றன.

தொண்டர்களின் கை என்று எழுதும்போது அலங்காரமாக எழுதவில்லை, எண்ணிக்கையாகவே எழுதுகிறேன். தானாகச் சமநிலை காக்க முடியாத ஒரு குழந்தை ஒரு குதிரையில் ஏறினால் அதற்கு மூன்று பேர் வேண்டும்: குதிரையின் தலைப்பக்கம் நின்று நடத்திச் செல்பவர் ஒருவர், இருபக்கமும் கூடவே நடப்பவர் இருவர். நான்கு குழந்தைகள் என்றால் பன்னிரண்டு பேர். அவர்களுக்குமேல் பயிற்சியாளர் ஒருவர், ஏறுமேடையருகே ஒருவர், கூடவே தலைக்கவசங்களை அளவு பார்த்து மாட்டிவிடுபவர் ஒருவர். ஆகவே ஆட்பட்டியலைக் கவனிக்கும் அடுத்த வீட்டு அம்மையாரின் வாழ்வில் மிகவும் பதற்றமான வேளை செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. "முதுகு பிடித்துக்கொண்டது", "பேரனுக்குக் காய்ச்சல்" என்று இரண்டு தொலைபேசி அழைப்புகள் வந்துவிட்டால், பத்து மணிக்குத் தலைக்கவசம் அணிந்து ஆவலோடு நிற்கும் குழந்தைகளில் ஒன்று அன்று குதிரையேற முடியாது. எந்தக் குழந்தை என்பதை அவர்தாம் தீர்மானிக்க வேண்டும். குதிரைக்குப் பணம் கிடைத்துவிடுகிறது, உலர்புல்லுக்கும் எப்படியோ நன்கொடை வந்துவிடுகிறது, ஆனால் வாராவாரம் வருகிறவர் கிடைப்பதுதான் அரிது என்று அவர் என்னிடம் சொன்னார். ஒரேயொரு நாள் உற்சாகத்தோடு வந்து உதவிவிட்டுப் போகிறவர்களைக் குறையாக அவர் பேசவில்லை. என்றாலும், ஒரே முகத்தையும் ஒரே குரலையும் நம்பிப் பழகிய ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு, பக்கத்தில் நடப்பவர் மாறிவிட்டால் அன்றைய பாடத்தில் பாதி அந்த அதிர்ச்சியிலேயே கழிந்துவிடுகிறது.

மனுவும் நற்சான்றும் கொடுத்து, முதல் வாரம் பார்வையாளனாகவும், அடுத்த இரண்டு வாரங்கள் குழந்தையில்லாத குதிரையருகிலும் நடந்த பிறகே எனக்கு ஓர் இடம் அளித்தார்கள். பயிற்சி கொடுத்தவர் ஒரு முதிய தபால்காரர். பக்கத்தில் நடப்பது என்றால் என்ன கஷ்டம் என்று நினைத்திருந்தேன். அது எவ்வளவு நுட்பமான தொழில் என்பதை அவருடைய கையைப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன். முன்கையைக் குழந்தையின் தொடைமீது குறுக்காக வைத்து, சேணத்தின் முன்விளிம்பை விரல்களால் பற்ற வேண்டும். ஆனால் அழுத்தக் கூடாது. முழங்கை குதிரையின் விலாவில் குத்தக் கூடாது. இருபக்கத்துக் கைகளும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் குழந்தை அந்தப் பக்கம் சாயும், குதிரையும் அதை ஈடுசெய்யத் தன் முதுகைக் கோணிக்கொள்ளும். தலைப்பக்கம் நடத்துபவர் குழந்தையைத் திரும்பிப் பார்க்கவே கூடாது. அவர் குதிரைக்கு உரியவர். குதிரை மிரண்டால் அவர் குதிரையைப் பார்த்துக்கொள்வார், நாம் குழந்தையை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். "இந்த இரண்டையும் ஒருவர் செய்ய முயன்றால் இரண்டும் கெடும்" என்றார் அவர்.

அவர் கற்பித்தவற்றுள் மிகக் கடினமானது பேசாதிருத்தல். கூடத்தின் சுவர்களில் ஏ, கே, ஈ, எச், சி, எம், பி, எஃப் என்ற வரிசையில் எழுத்துக்கள் மாட்டியிருக்கும். சவாரிக் கூடங்களில் உலகெங்கும் இவ்வரிசைதான். "ஈ எழுத்தருகே குதிரையை நிறுத்து" என்று பயிற்சியாளர் ஒரு குழந்தையிடம் சொன்னால், அந்தச் சொற்கள் காதில் விழுந்து, பொருளாகி, கைக்கு உத்தரவாகி, கடிவாள வாரில் ஓர் இழுப்பாக வெளிப்படுவதற்குப் பத்து விநாடியும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அதற்குள் நமக்கு நாக்கு துடிக்கிறது. அவசரப்பட்டு நாம் மறுபடியும் சொல்லிவிட்டால், பாதிவழி வந்த எண்ணம் கலைந்து குழந்தை மீண்டும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. நானும் ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டேன். எவரும் கடிந்துகொள்ளவில்லை, ஆனால் அந்தச் சிறுமியின் விரல்கள் வாரின்மீது மூடத் தொடங்கியவை மறுபடி விரிந்ததை நான் கண்ணாரப் பார்த்தேன்.

குதிரையும் அவ்வாறே காத்திருக்கக் கற்க வேண்டும். ஒரு குதிரையை ஏற்றுக்கொள்ளுமுன் சில வாரம் பரீட்சை பார்க்கிறார்கள். சக்கர நாற்காலியை எதிரே உருட்டுகிறார்கள், ஊன்றுகோலைக் கீழே போடுகிறார்கள், குடையை விரிக்கிறார்கள், திடீரென்று கூவுகிறார்கள். பழனி அடிவாரத்தில் குதிரை வண்டிகளில் பூட்டப்பட்டு, கண்ணோரம் தோல்மறைப்புக் கட்டிய குதிரைகளையே நான் சிறுவயது முதல் அறிவேன். இங்கே மறைப்புக் கிடையாது. நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் உள்ள சிறு பகுதி நீங்கலாகத் தன்னைச் சுற்றிய யாவற்றையும் காணவல்ல அந்தப் பிராணி, யாவற்றையும் கண்டுகொண்டே அஞ்சாமல் நிற்க வேண்டும். ஏறுமேடையருகே நிற்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய சோதனை. ஒருபுறம் மேடை, மறுபுறம் ஆள், மேலே ஒரு குழந்தையின் கால் பிடிவாதமாக மடங்க மறுக்க, ஐந்து நிமிஷம் அசையாமல் நிற்கும் மட்டக்குதிரையின் பொறுமையை நான் எந்த மனிதரிடமும் கண்டதில்லை.

அந்தப் பொறுமைக்கு ஒரு விலை உண்டென்பதையும் சொல்ல வேண்டும். சமனற்ற பாரமும், இருபக்கமும் நெருக்கும் மனிதர்களும், ஒரே வட்டத்தில் ஒரே மந்த நடையும் குதிரையின் முதுகையும் மனத்தையும் சோர்வுறச் செய்கின்றன. வால் அடிக்கடி சுழல்வதும், வயிற்றுவாரை இறுக்கும்போது காதுகள் பின்னே மடிவதும் அதன் புகார்கள். அவற்றைக் கேட்டவுடன் அந்தக் குதிரைக்கு ஓய்வு கொடுத்து, சவாரியில் தேர்ந்த பள்ளி மாணவி ஒருத்தி அதனை ஊர்ப்புறச் சாலைகளில் விரைவாக ஓட்டி வருகிறாள். பொறுமையுள்ள பிராணி என்பதற்காக அதை ஓயாமல் உழைக்க வைக்கும் நிலையம் தரும ஸ்தாபனமாக இருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். இங்கே அதை உணர்ந்திருந்தார்கள். 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொள்ளை நோயினால் சவாரி முழுதும் நின்றபோதும், குதிரைகளுக்குத் தீனியும் லாடக்காரரும் வைத்தியரும் நிற்கவில்லை. வருமானம் ஒன்றே நின்றது. முதியவர்களான தொண்டர்கள் பலர் வெளியே வரக் கூடாத நிலையில், இருந்த நாலைந்து பேர் முறைவைத்து, ஒருவரையொருவர் காணாமலே அந்த ஆறு உயிர்களையும் காப்பாற்றினார்கள்.

எனக்கு அளித்த இடம் பிராம்பிள் என்னும் குதிரையின் இடப்பக்கம். வேலியோரத்துக் கரும்பழ முட்புதரின் பெயர் அது. பதினேழு வயது, வேல்ஸ் மலைநாட்டு இனம். மேலே ஒன்பது வயதுச் சிறுவன். அவனுக்கு இடப்பக்கம் பலவீனம். வலப்புறமாகத் திரும்பும் ஒவ்வொரு மூலையிலும் அவன் உடம்பு இடப்புறம் என்மேல் சரியும். என் முன்கை அதைத் தாங்கும். ஐந்து வாரம் அப்படியே நடந்தோம். ஆறாவது வாரம் பயிற்சியாளர் என்னிடம், "கையை எடுத்துவிடுங்கள், ஆனால் தூரம் போக வேண்டாம்" என்றார். எடுத்தேன். எச் எழுத்தைத் தாண்டி சி எழுத்தை நோக்கித் திரும்பும் மூலையில் அவன் வழக்கம்போல் சரிந்தான். என் கை அவன் தொடைக்கு ஓர் அங்குலம் எட்ட, காற்றில் நின்றது. அவனைத் தொடாதிருக்க அந்த இரண்டு விநாடி நான் பட்ட பிரயாசை பெரிது. தாங்க ஒன்றும் கிட்டாத அவனுடைய இடுப்பு, சற்றே யோசித்ததுபோல் தயங்கி, தானாகவே நடுவுக்கு வந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. பிராம்பிளின் இரு காதுகளுக்கு நடுவே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த மூலையில் மறுபடியும் சரிந்தான். அங்கே நான் தாங்க வேண்டியிருந்தது.

டிசம்பர் மாதம் நான் ஊர் திரும்பும் நாள் நெருங்கியது. கடைசிச் செவ்வாய்க்கிழமை, குதிரைகளுக்குக் கம்பளி போர்த்தி முடித்தபின், அம்மையார் தேநீர் மேசைமீது தம் ஆட்பட்டியலை விரித்து, "உங்கள் மகளுக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் வேலை உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். பென்சிலால் எழுதியிருந்த என் பெயரை அவர் ரப்பரால் அழித்தார். பத்து மணி, பிராம்பிள், இடப்பக்கம் என்ற அந்தக் கட்டம் வெறுமையாயிற்று. அவர் தொலைபேசியை எடுத்து எண்களைத் தேடத் தொடங்கினார்.