நெடுநோயும் சூழலும்

நோய் வருதல் மக்கள் யாவர்க்கும் பொது. வந்த நோய் நீங்கும் வகையோ யாவர்க்கும் ஒரு தன்மைத்தன்று. ஒரே வாரத்தில் ஒரே காய்ச்சலில் வீழ்ந்த இருவருள் ஒருவர் பத்து நாளில் எழுந்து தம் தொழில்மேற் செல்ல, மற்றவர் ஆண்டிரண்டு கழிந்தும் மாடிப்படி ஏறமாட்டாது இடையில் நின்று மூச்சு வாங்குதலைக் காண்கின்றோம். இவ்வேற்றுமைக்கு அவரவர் உடலின் இயல்பே காரணம் என்று கூறி அமைவார் பலர். உடலின் இயல்பும் ஒரு காரணமே. ஆயினும், நோயுற்றார் உறையும் இல்லம், உட்கொள்ளும் காற்று, செய்யும் தொழில், பெறும் ஊதியம், அருகிருப்பார் கூறும் சொல் ஆகிய இவையும் நோயின் நீட்சிக்கும் நீக்கத்திற்கும் ஏதுவாதலை இக்கட்டுரையிற் சொல்லப் புகுந்தோம். அதற்கு எடுத்துக்காட்டாக யாம் கொண்டது, கொரோனாத் தொற்றின் பின் தொடரும் நெடுநோயாகும்.

2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று உலகெங்கும் பரவியபொழுது, அதனை எளிதாக உற்றவர் இரண்டொரு வாரத்தில் நலம் பெறுவர் என்பதே பொதுவான கருத்தாயிருந்தது. பலர் அவ்வாறு நலம் பெற்றிலர். அவ்வாண்டு மே மாதத்தில், இத்தாலி நாட்டு லொம்பார்தியில் நோயுற்ற எலிசா பெரேகோ என்னும் தொல்பொருளாய்வாளர், சமூக ஊடகத்தில் தம் நிலையை ‘லாங் கோவிட்’ என்று குறித்தார். அப்பெயரே பின்னர் உலகெங்கும் நிலைத்தது. நோய்க்குப் பெயரிடுதல் மருத்துவர் தொழிலாக, இந்நோய்க்கு மட்டும் நோயாளரே பெயரிட்டது ஏன்? தாம் கூறுவதைப் பிறர் நம்பத் தயங்கிய காலத்தில், துன்புற்றோர் ஒருவரையொருவர் கண்டுகொள்ளுதற்கு ஒரு பெயர் இன்றியமையாததாயிற்று. யாம் ஈண்டு அதனை ‘நெடுங்கோவிட்’ என வழங்குவோம். 2021ஆம் ஆண்டு அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தது. பெரும்பாலும் தொற்றுத் தொடங்கி மூன்று மாதத்தில் காணப்பட்டு, குறைந்தது இரண்டு மாதமேனும் நீடித்து, வேறொரு நோயால் விளக்கப்படாத குறிகள் நெடுங்கோவிட்டின் குறிகள் என்பது அதன் கருத்து. கடுஞ்சோர்வு, மூச்சுத் திணறல், நினைவும் கவனமும் தடுமாறல் ஆகியன அவற்றுள் முதன்மையானவை.

இக்குறிகளுள் ஒன்று பிறரால் எளிதிற் பிழைபட உணரப்படுவது. சிறிது உழைத்த பின்னர், அன்றோ மறுநாளோ, செய்த உழைப்பிற்குச் சற்றும் பொருந்தாத பெருந்தளர்ச்சி வந்து நோயாளரைக் கிடத்திவிடும். காண்பார் இதனைச் சோம்பல் என்பர். ‘சற்று முயன்று நடந்தால் சரியாகிவிடும்’ என்றும் கூறுவர். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஆராய்ச்சியாளர், இத்தகைய நோயாளர் 25 பேரையும் நலமுடையோர் 21 பேரையும் உடற்பயிற்சி செய்வித்து, முன்னும் பின்னும் அவர்தம் தசையிற் சிறிது எடுத்து ஆராய்ந்தனர். பயிற்சியின் பின் நோயாளருடைய தசைகளிற் சிதைவு மிகுந்திருந்தமையை 2024ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எனவே, தளர்ச்சி என்பது மனத்தின் மயக்கமன்று. உடலிற் காணத்தக்க மெய்ம்மையே. இத்தகையார்க்குத் தம் ஆற்றலின் எல்லையை அறிந்து, அதனைக் கடவாது, உழைப்பையும் ஓய்வையும் பகுத்துக்கொள்ளுதலே இன்று கூறப்படும் நெறி. இந்நோயை முற்றும் நீக்கும் மருந்து இதுகாறும் உறுதிப்படவில்லையாதலின், ஓய்வின் இன்றியமையாமை இன்னும் பெரிதாகின்றது.

ஓய்வு கொள்க என்று சொல்லுதல் யார்க்கும் எளிது. ஓய்வு கொள்ளும் வாய்ப்பு யார்க்கு உண்டு என்பதே வினா. இதற்கு விடை காண்பதற்குப் பிரிட்டன் நாட்டுக் கணக்கு நமக்குப் பெரிதும் துணை செய்கின்றது. அந்நாட்டுத் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் வீடுகள்தோறும் உசாவியறிந்தபடி, 2023ஆம் ஆண்டு மார்ச்சு 5ஆம் நாளையொட்டித் தமக்கு நெடுங்கோவிட் உண்டெனக் கூறியோர் ஏறத்தாழ 19 இலட்சம் பேர். அஃது அந்நாட்டு மக்கள் தொகையில் நூற்றுக்கு 2.9. அவருள் நூற்றுக்கு 69 பேர் ஓராண்டிற்கு மேலாகவும், 41 பேர் ஈராண்டிற்கு மேலாகவும் துன்புற்றிருந்தனர். ஆடவரினும் மகளிர், செல்வர் வாழும் பகுதியினரினும் வறியோர் வாழும் பகுதியினர், பிற தொழிலினரினும் முதியோரையும் இயலாதாரையும் பேணும் தொழிலினர் மிகுதியாக இந்நோயைக் கூறினர். அவ்வாண்டிலேயே அந்நாட்டில் உழைக்கும் பருவத்தார் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்டோரை ஆராய்ந்த மற்றொரு குழுவினர், மிக வறிய பகுதிகளில் வாழ்வார்க்கு இந்நோய் உறும் நிலை, மிகச் செழித்த பகுதிகளில் வாழ்வாரினும் நூற்றுக்கு 46 மிகுதி என்று கண்டனர்.

கிருமிக்குச் செல்வர் வறியர் என்னும் வேற்றுமை தெரியுமோ? தெரியாது. ஆயினும் அது புகும் வீட்டில் அவ்வேற்றுமை முன்னரே புகுந்திருக்கின்றது. எழுதுமேசைத் தொழிலுடையான் வீட்டிலிருந்தவாறே சில மணி நேரம் வேலை பார்த்து, இடையிற் படுத்து இளைப்பாறலாம். மூட்டை சுமப்பானும், நோயாளியைத் தூக்கிக் கிடத்தும் செவிலியும், நாள் முழுதும் நின்று விற்கும் கடைப்பணிப்பெண்ணும் அவ்வாறு செய்ய இயலாது. பிரிட்டனில் தொழில் தருவோர் நோயுற்ற பணியாளர்க்குச் சட்டப்படி கொடுக்கக் கடமைப்பட்ட ஊதியம் 28 வாரங்களுக்கே உரியது. நோயோ ஈராண்டு நீள்கின்றது. இடைப்பட்ட காலத்திற்கு வாடகை கொடுப்பார் யார்? ஆற்றல் மீளுமுன் வேலைக்குத் திரும்புதலும், திரும்பி மீண்டும் வீழ்தலும் இவ்வாறே நிகழ்கின்றன. சட்டம் இதனைச் சிறிது மாற்றவும் கூடும். நெடுங்கோவிட் உற்றோர் தக்க நிலைகளில் உடற்குறை உடையோர்க்குரிய சட்டப் பாதுகாப்பைப் பெறலாம் என 2021 ஜூலையில் அமெரிக்க அரசு விளக்கியது. 2022இல் ஸ்காத்லாந்தில் ஒரு கட்டடப் பராமரிப்புப் பணியாளர் வழக்கிலும் நியாயசபை அக்கருத்துப்படவே தீர்ப்பளித்தது. பணிநேரத்தை மாற்றித் தருக என்று இரந்து நின்ற நோயாளர், அதனை உரிமையாகக் கேட்டற்கு இவை வழி செய்தன.

இனி, காற்றினைப் பற்றிச் சிறிது கூறுவோம். சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரத்து இளையோரை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வும், ஸ்பெயின் நாட்டுக் காத்தலோனியாவிற் பெரியோர் பலரை ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட ஆய்வும், நுண்ணிய தூசு மிகுந்த காற்றை நெடுநாள் உட்கொண்டார்க்கும் நெடுங்கோவிட்டிற்கும் தொடர்பு உண்டெனக் காட்டின. தூசு ஒன்றே காரணம் என்று அறுதியிடல் பொருந்தாது. எனினும், முன்னரே புகைந்து கொண்டிருக்கும் நுரையீரலுக்கு நோயின் சுமையும் சேரின் யாது நிகழும் என்பது நாம் கருதற்குரியது. நல்ல காற்றை மருந்துச்சீட்டில் எழுதிக் கொடுத்து ஒருவர் தனியே வாங்குதல் இயலாது. ஊரார் எல்லாரும் கூடியே அதனை ஆக்கிக் கொள்ளல் வேண்டும்.

நிற்க. மேற்கு நாட்டுக் கணக்குகளை யாம் கருத்தூன்றிப் படிக்கக் காரணமாயிருந்தவர் எம் தந்தையாரின் தமக்கையார். அவர் தொடக்கப் பள்ளி ஆசிரியை. 2021 மே மாதத்து இரண்டாம் அலையில் நோயுற்று, மருத்துவமனை செல்லாமலே காய்ச்சல் நீங்கப் பெற்றார். அவ்வாண்டு நவம்பரிற் சிறுவர்க்குப் பள்ளி திறந்தபொழுது, ஒரு பாடவேளை நின்று கற்பித்தால் மறுநாள் எழ இயலாதவரானார். தாம் நாள்தோறும் அழைத்த பிள்ளைகளின் பெயர் நாவின் நுனியில் நின்று வாராமை அவரைப் பெரிதும் வருத்திற்று. அவர் வாழ்ந்தது மாடியில் ஒரு வாடகைப் பகுதி. குடிநீரைக் கீழிருந்து குடத்திற் சுமந்து ஏற்றல் வேண்டும். அண்டை வீட்டு விறகடுப்பின் புகை சன்னல் வழியே எந்நேரமும் புகும். சோதனைகளில் ஒன்றும் தென்படவில்லை. ஆகவே உறவினர் சிலர் ‘மனத் தளர்ச்சி’ என்றனர். திருச்சபையார் முதல் மாதம் அன்போடு வந்து செபித்தனர். ஆறாம் மாதத்தில் ‘இன்னுமா தீரவில்லை?’ என்று வினவினர். அவ்வினாவிற்கு அஞ்சியே அத்தையார் சில ஞாயிறுகளில் ஆலயத்திற்குச் செல்லாது வீட்டிலிருந்தார். வாராத நாட்களுக்கு ஊதியமும் பிடிக்கப்பட்டது.

பின்னர் நிகழ்ந்தவை மிகச் சிறியன. குடும்பத்தார் கூடி அவரைத் தரைத்தளத்து வீடொன்றிற்கு மாற்றினர். தண்ணீர் எடுத்தலும் துணி துவைத்தலும் பிள்ளைகளாகிய எம் பொறுப்பாயின. புதிதாக வந்த தலைமையாசிரியை அம்மையார், அவர் வகுப்பில் ஒரு நாற்காலி இடுவித்து, அடுத்தடுத்து இரு பாடவேளைகள் வாராதபடி கால அட்டவணையைத் திருத்தினார். ‘நீங்கள் சொல்வதை நம்புகின்றேன்’ என்று அவர் கூறிய அன்று அத்தையார் வீட்டிற்கு வந்து அழுததை யாம் கண்டோம். காலம் செய்த உதவியும் இதில் உண்டு. நாற்காலியே நோயை நீக்கிற்று என்று யாம் கூறோம். ஆனால் நாள்தோறும் வீழ்ந்தும் எழுந்தும் கிடந்த ஒருவர், வீழாதிருக்க இடம் பெற்றபின் சிறிது சிறிதாகத் தேறினார். 2023இல் அவர் முழு நாளும் பணி செய்யலானார். மாடிப்படி மட்டும் பின்னரும் அவர்க்கு அரிதாகவே இருந்தது.

இது நம் முன்னோர்க்குத் தெரியாததன்று. திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை முடிக்குங்கால், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என மருத்துவத்தை நான்கு கூறாக்கினார். முதல் மூன்றையும் இன்றைய மருத்துவமனையிற் காணலாம். நான்காவது கூறு வீட்டிலும் தெருவிலும் பணியிடத்திலும் உள்ளது. அதுவே நெடுநோயில் மிகுதியாக வேண்டப்படுவதும், முதலில் அற்றுப்போவதும் ஆகும். யோவான் எழுதின சுவிசேஷத்தில், பெதஸ்தாக் குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டு நோயுற்றுக் கிடந்த மனிதனைக் காண்கின்றோம். நலமடைய விருப்பமோ என்று இயேசு பெருமான் வினவியபொழுது, அவன் தன் நோயின் வன்மையை எடுத்துரைத்தானல்லன். தண்ணீர் கலங்குங்கால் தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஒருவரும் இல்லை என்பதையே முறையிட்டான். குளம் அருகிலிருந்தது. அதிற் சேர்க்க ஆள் இல்லாமையால் அத்தனை ஆண்டும் பயனின்றிக் கழிந்தன. கப்பர்நகூமில் திமிர்வாதமுற்றானுக்கோ நால்வர் இருந்தனர். அவர் கூரையைத் திறந்து அவனை இறக்கினர். இவ்விரு நோயாளரின் வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பது கிறிஸ்தவர்க்கு மட்டுமன்றி எல்லார்க்கும் நலம் பயக்கும்.

நம் கல்லூரியிலும் நெடுநோயுற்ற மாணவரும் ஆசிரியரும் பணியாளரும் இருத்தல் கூடும். அவர் நோய் முகத்தில் எழுதப்பட்டிராது. அவர்க்கு நாம் செய்யத்தக்கன அரிய செயல்களல்ல. படியேற இயலாதார்க்கு வகுப்பைக் கீழ்த்தளத்தில் அமைக்கலாம். நிற்க இயலாதார்க்கு இருக்கை தரலாம். எழுதுங்கால் இடையில் இளைப்பாறத் தேர்வில் நேரம் அளிக்கலாம். வாராத நாட்களின் பாடத்தை நண்பர் எழுதிக் கொடுக்கலாம். விடுதியின் பின்புறத்துக் குப்பையை எரிக்காதிருத்தலும் இவற்றுள் ஒன்றே. இவற்றிற்கெல்லாம் முன்னதாகச் செய்யத்தக்கது, அவர் தம் தளர்ச்சியைக் கூறுங்கால் அதனை நம்புதல். ஆறாம் மாதத்திலும், பன்னிரண்டாம் மாதத்திலும், முதல் மாதத்திற் கேட்ட அதே பரிவோடு ‘இன்று எவ்வாறு இருக்கின்றீர்?’ என்று கேட்போமாக.