மடிக்கு வரும் பை

பஸ்ஸில் என் மடிக்கு வந்து சேரும் பைகளை மனதுக்குள் நிறுத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. நல்ல பழக்கம் என்று சொல்லமாட்டேன். பண்டத்தரிப்பிலிருந்து யாழ்ப்பாணம் 15 கிலோமீற்றருக்குக் கிட்ட. காலைப் பஸ்ஸில் எனக்கு இருக்க இடம் கிடைத்தால், மானிப்பாய் வருவதற்குள் யாராவது ஒரு ரீச்சரோ, வங்கியில் வேலை பார்க்கும் பிள்ளையோ பக்கத்தில் வந்து நின்றுவிடுவார். நிற்பவரைக் கண்டால் இருப்பவர் கையை நீட்டவேண்டும். "பாக்கைத் தாங்கோ, நான் வைச்சிருக்கிறன்." யாரும் எழுதிவைக்காத சட்டம் இது. முகம் தெரியாதவர் என்றாலும் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றால், "ஏன், நாங்கள் களவெடுத்துப்போடுவமோ?" என்ற பார்வை வரும்.

அப்படி வந்த பைகளைத்தான் சொல்கிறேன். இது இரண்டு கிலோ. இது மூன்றரை, உள்ளே ஒரு லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல் கிடக்கிறது. இது தொடையைச் சுடுகிறது, அடியில் சாப்பாட்டுப் பெட்டி. இது ஈரம், சொதி கசிந்திருக்கிறது, இறங்கும்போது சொல்லவேண்டும். ஒருவருடைய பையையும் நான் திறந்து பார்த்ததில்லை. ஆனால் சிப் பூட்டாத பை மடியில் வாய் திறந்தபடி இருந்தால் கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது? மருந்துத் துண்டு, சீட்டுக் காசு எழுதிய கொப்பி, பாதி கடித்த பணிஸ், பிரிக்காத கடிதம் எல்லாம் கண்டிருக்கிறேன். ஒருமுறை ஒரு பிள்ளையின் பைக்குள் ராஜினாமாக் கடிதம் என்று தலைப்பிட்ட தாள் மேலாகவே கிடந்தது. அந்தக் கிழமை முழுவதும் அவளைப் பஸ்ஸில் தேடினேன், கொடுத்தாளா இல்லையா என்று அறிய. வேலைக்கு எந்தப் பை சரி என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்படிக் கள்ளத்தனமாகக் கற்றதுதான்.

பஸ்ஸுக்கு வருமுன்னர் நான் ஸ்கூட்டிக்காரி. ஸ்கூட்டியின் முன் கொளுக்கி எந்தப் பையையும் குறை சொல்லாது. பதவி உயர்வு கிடைத்த வருடம் கொழும்புக்குப் பயிற்சிக்குப் போனபோது, புறக்கோட்டையில் ஒரு கபில நிற ஒபிஸ் பாக் வாங்கினேன். லெதர் மாதிரி. நான்கு மூலையிலும் பித்தளைத் தகடு, அடியில் நான்கு குமிழ். கந்தோரில் மேசைமேல் வைத்தால் "டொக்" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் வாங்கினேன். கிளாக்கர் என்று அழைத்தவர்கள் மிஸ் என்று அழைக்கத் தொடங்கிய காலம் அது. அதற்குப் பொருத்தமாகக் கையில் ஏதாவது இருக்கவேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. எங்கள் பக்கத்து விதானைமாருக்கு றப்பர் முத்திரையும் மைப்பெட்டியும் கிடக்கும் பழைய பை ஒன்று போதும். அதைக் கண்டாலே சனம் எழும்பி நிற்கும். எனக்கு முத்திரை இல்லை. ஆகவே தகடு.

2022இல் எரிபொருள் இல்லாமல் போனது. ஜூலை கடைசியில் கியூ.ஆர். முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போக வர நாளுக்கு 30 கிலோமீற்றர், ஐந்து நாளைக்கு 150. லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடினாலும் கந்தோருக்கே மூன்றே முக்கால் லீற்றர் போய்விடும். மிச்சம் கால் லீற்றரில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா, சங்கானைச் சந்தைக்குப் போவதா? ஸ்கூட்டியை வீட்டுத் தேவைக்கு விட்டுவிட்டு நான் பஸ்ஸேறினேன். என்னைப்போலவே ஊர் முழுவதும் கணக்குப் போட்டிருந்தது. பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை.

முதல் நாளே பித்தளை மூலை ஒரு ஆச்சியின் தொடையில் குத்தியது. பையை வாங்கி மடியில் வைத்தவர் இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "பிள்ளை, உதுக்குள்ள என்ன, அம்மிக்கல்லோ?" பஸ் சிரித்தது. கொண்டக்டரும் சிரித்தார். உள்ளே இருந்தது ஒரு கோவை, ஒரு சாப்பாட்டுப் பெட்டி, குடை, அவ்வளவுதான். அன்று பின்னேரம் சந்திக் கடைத் தராசில் வெறும் பையை வைத்துப் பார்த்தேன். ஒன்றே கால் கிலோ. பொருள் ஒன்றும் வைக்கமுன்னரே ஒன்றே கால் கிலோவை நான் அந்நிய மடியில் இறக்கியிருக்கிறேன்.

பிறகு மாரி வந்தது. எங்கள் மழை பெரும்பாலும் ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும் பெய்து தீர்ப்பது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து அலுமாரிக்குள் எதுவும் உலர்ந்திருக்காது. "லெதர் மாதிரி" என்று விற்கும் பைகளில் அநேகமானவை துணியின்மேல் பொலியூரத்தேன் பூசியவை. ஈரப்பதன் அந்தப் பூச்சின் பிணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். பாவித்தால்தான் தேயும் என்றில்லை, பொலித்தீன் சுற்றி அலுமாரியில் பத்திரமாக வைத்தாலும் சில வருடங்களில் உரியத் தொடங்கும். என்னுடையது உரிந்தது வீட்டில் இல்லை, ஒரு ரீச்சரின் இளமஞ்சள் சாறியில். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தட்டித் தட்டிப் பார்த்தார், கபிலத் துகள் போகவில்லை. அசல் தோலும் இங்கே சுகப்படாது. மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். கிழமைக்கொருமுறை துடைத்து, காற்றாட வைத்து, எண்ணெய் பூசி, அதற்குப் பணிவிடை செய்யவேண்டும். அதற்கு நேரமிருப்பவர்கள் காரில் போகிறார்கள்.

பையைப் பிறர் கையில் கொடுப்பது எங்களுக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து மழையில் தென்மராட்சிக்கு நடந்தபோது, காணி உறுதியையும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களையும் அம்மா பொலித்தீனில் சுற்றி, அதைத் துவாயில் சுற்றி, ஒரு துணிப்பைக்குள் வைத்து என் கையில் தந்தார். அதுதான் நான் சுமந்த முதல் கந்தோர்ப் பை என்று இப்போது நினைக்கிறேன். கடதாசி தவிர வேறொன்றும் அதில் இல்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில் திரும்பி வந்தோம். அதன் பிறகு சென்றிகளின் காலம். இறங்கு, அடையாள அட்டையைக் கையில் எடு, பையைத் திற, நட, மறுபடி ஏறு. பெண்களுக்குத் தனி மறைப்பு. அந்த வருடங்களில் ஒருவரும் பல அறை உள்ள பை வாங்கவில்லை. ஒவ்வொரு சிப்பையும் திறந்து காட்டவேண்டும், பின்னால் நிற்கும் வரிசை எங்களையே முறைத்துக்கொண்டிருக்கும். வாய் அகன்ற, ஒரே அறைப் பை. உள் துணி வெளிர் நிறம், அப்போதுதான் ஒரு பார்வையில் எல்லாம் தெரியும். 2002இல் ஏ-9 திறந்து முகமாலையில் இரண்டு பக்கமும் பையைக் கொட்டிக் காட்டியபோதும், 2006இல் பாதை மூடிய பிறகும், அதே பைதான். 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு பாடசாலை வாசல்களில் பைச் சோதனை திரும்பி வந்து, உள்ளே தெரியும் பிளாஸ்ரிக் பைகள் கடைகளில் தொங்கியபோது, இளையவர்கள் அதை அவமானம் என்றார்கள். எங்கள் வயதுக்காரருக்கு அது பழைய கதை.

அந்த வெளிர் உள் துணியை மட்டும் நான் இன்றும் விடவில்லை. கறுப்புத் துணி தைத்த பைக்குள் திறப்பைத் தேடுவது கிணற்றுக்குள் கை விடுவதுபோல. கடதாசிகளைப் பொலித்தீனில் சுற்றும் பழக்கமும் போகவில்லை. கந்தோரில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

உடுப்புப் பிரச்சினை ஒன்று இருக்கிறது. 2019 மே கடைசியில் அரசாங்கக் கந்தோர்ப் பெண்களுக்குச் சாறி அல்லது ஒசரி என்று சுற்றறிக்கை வந்து, எதிர்ப்புக் கிளம்ப, பிறகு மாற்றினார்கள். 2022 செப்டெம்பரில் பொருளாதார நெருக்கடியைச் சொல்லி, கந்தோருக்கு ஏற்ற சாதாரண உடையிலும் வரலாம் என்று இன்னொன்று. அதே ஆண்டு நவம்பரில் சில ஆசிரியைகள் சாறி இல்லாமல் பாடசாலைக்குப் போய் நாடு முழுக்க விவாதமானது. ஆசிரியர்களுக்குச் சாறிதான் என்று கல்வி அமைச்சர் சொல்லிவிட்டார். எங்கள் கந்தோரில் இப்போது இரண்டும் உண்டு. திங்கள் கூட்டத்துக்குச் சாறி, மற்ற நாட்களில் சல்வார். இரண்டுக்கும் ஒரே பை சரிவரவேண்டும் என்பதுதான் கஷ்டம். நைலெக்ஸ் சாறியில் குட்டை வார் தோளில் நிற்காது, வழுக்கி முழங்கைக்கு வந்துவிடும். குறுக்கே போடும் நீள வார் தோளில் குத்திய ஊசியை இழுத்து மடிப்பைக் கலைக்கும். முதுகுப் பை சல்வாருக்குச் சரி, முதுகுக்கும் நல்லது, பாரத்தை இரண்டு தோளுக்கும் பிரிக்கும். ஆனால் பஸ்ஸுக்குள் அதைக் கழற்றாமல் திரும்பும் தம்பிமாரால் இருப்பவர்களின் கண்ணாடி எத்தனை பறந்திருக்கிறது! முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாதவரிடம் பையைத் தரச்சொல்லிக் கேட்கவும் முடியாது.

பனையோலைப் பை? கேட்பார்கள் என்று தெரியும். அம்மம்மா சந்தைக்கு உமல்தான் கொண்டுபோவார், மீனுக்கு ஒன்று, மரக்கறிக்கு ஒன்று. 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையின் கடைகளில் சார்வோலையில் சாயம் போட்டுப் பின்னிய கைப்பைகள் அழகாக வைத்திருக்கிறார்கள். நானும் ஒன்று வைத்திருக்கிறேன், கலியாண வீடுகளுக்கு. கந்தோருக்குச் சரிவராது. மழையில் ஊறும், வெயிலில் ஓரம் வெடிக்கும், வெடித்த ஓரம் பக்கத்தில் இருப்பவரின் சாறி நூலை இழுக்கும். ஊர்ப் பற்றுக்காக மற்றவர் சாறியைக் கிழிக்கமுடியாது.

கபிலப் பையை ஒதுக்கிவிட்டு, யாழ்ப்பாணம் நவீன சந்தைப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். ஸ்ரூல் ஒன்று கேட்டு வாங்கி உட்கார்ந்து, கொண்டுபோன கோவையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் ஒவ்வொரு பைக்குள்ளும் போட்டு மடியில் வைத்துப் பார்த்தேன்.

"அக்கா, தோளில போட்டுப் பாருங்கோ, கண்ணாடி அங்காலை இருக்கு" என்றான் கடைக்காரத் தம்பி.

"தோளுக்கு இல்லைத் தம்பி, இது மடிக்கு."

அவன் விளங்காமல் சிரித்தான். மடியில் வைத்தால் பை தன்பாட்டில் நிமிர்ந்து நிற்கவேண்டும், சாயக்கூடாது. சாய்ந்தால் வைத்திருப்பவர் இரண்டு கையாலும் பிடிக்கவேண்டி வரும். மேல் வாய் முழுவதும் சிப் பூட்டுப்பட வேண்டும். காந்தப் பொத்தான் மட்டும் உள்ள பையை நான் தொடவே இல்லை, என்னைப்போன்ற கண்கள் பஸ்ஸில் நிறைய இருக்கும். மாதகல் பக்கக் கடற்காற்றுக்கு இரும்புச் சிப் சில மாரிக்குள் இறுகிவிடும், நைலோன் சுருள் சிப்தான் தாங்கும். அதிலும் 5ஆம் இலக்கம், 8ஆம் இலக்கம் என்று உண்டு. பூட்டிய பல்வரிசையின் அகலத்தை அண்ணளவாக மில்லிமீற்றரில் சொல்வது அந்த இலக்கம். நிறையப் பொருள் அடைப்பவர்களுக்கு 8 நல்லது. துணியில் 600 டி, 1680 டி என்று எழுதியிருக்கும். 9,000 மீற்றர் நூலின் நிறை எத்தனை கிராம் என்பதே அது. 1680 நாய் கடித்தாலும் கிழியாது என்று தம்பி சொன்னான். நாய்க்காக நான் வாங்கவில்லை, 600 எனக்குக் காணும், பாரம் குறைவு. வார் பையோடு சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து, அதற்குள் குறுக்கே இரண்டு கோடு போட்டிருக்கிறதா என்று பார்த்தேன். நேர்கோட்டுத் தையல் மட்டும் என்றால் முதல் வருடமே பஸ்ராண்டில் செருப்புத் தைப்பவரிடம் போகவேண்டும்.

அடிப்பக்கம் துடைக்கக் கூடியதாக இருக்கவேண்டும். பின்னேர பஸ்ஸில் சங்கானை மீன் ஏறும், ஐஸ் தண்ணீர் தரையில் ஓடும், இடமில்லாத நாளில் பை தரையில்தான். வெள்ளையும் கிறீமும் எங்கள் செம்மண்ணுக்கு ஆகாது. கறுப்பும் வேண்டாம் என்று வைத்தேன், ஏனென்றால் மடிகளில் இருக்கும் பைகளில் பாதி கறுப்பு. யாழ்ப்பாணத்தில் எல்லோரும் ஒன்றாக இறங்கும் அவசரத்தில் ஒரு நேர்ஸ் பிள்ளையின் பை எங்கள் கந்தோர்ப் பெண்ணொருத்தியின் மேசைக்கு வந்திருக்கிறது. இவளுடைய மதியச் சாப்பாடு ஆஸ்பத்திரிக்குப் போனது. கடைசியில் எடுத்தது கடும் பச்சை. வெறும் நிறை அரைக்கிலோவுக்கும் கீழே. கைப்பிடி தோளில் கொளுவக்கூடிய நீளம், சாறி நாளுக்கு. கழற்றிப் பூட்டும் நீள வார், சல்வார் நாளுக்கு. மேசையில் வைத்தால் சத்தமே வராது.

வெளிப் பொக்கற்றில் ஒன்றும் வைப்பதில்லை. தண்ணீரைப் பாதிப் போத்தல் மட்டும் கொண்டுபோகிறேன். ஒரு லீற்றர் என்றால் ஒரு கிலோ, அதை மானிப்பாயிலிருந்து யாரோ ஒரு ஆச்சி சுமக்கவேண்டும். பையைக் கொடுக்கும்போது மடியில் வைப்பவரின் முகத்தைப் பார்ப்பேன். ஒன்றும் மாறாவிட்டால் சரி.

இன்னும் வழி காணாதது நனைந்த குடை மட்டும். உள்ளே வைத்தால் கோவை நனையும், வெளியே தொங்கவிட்டால் மடி நனையும். 2017 செப்டெம்பரில் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனைத் தடைசெய்த பிறகும், தடித்த சொப்பிங் பை ஒன்றை மடித்து வைத்திருக்கிறேன். குடையை அதற்குள் செருகி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். குடைக்கென்று வெளியே வலைப் பொக்கற் வைத்த பை தைமாதம் வருமாம், கடைக்காரத் தம்பி சொல்கிறான். மழை முடிந்த பிறகு.