குசினிக்கு ஓர் அத்திவாரம்

2024 நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு எங்கள் வீட்டுக் குசினியைப் பிரித்துக் கல்லால் கட்டுவதென்று முடிவெடுத்தோம். முடிவெடுத்தோம் என்று சொல்வதுகூட முழு உண்மையல்ல. நானும் மனைவியும் முடிவெடுத்தோம். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் உம்மா ஒன்றும் சொல்லாமலிருப்பதைச் சம்மதமென்று எடுத்துக்கொள்ள முடியாது.

கற்பிட்டிக் குடாநாட்டில், ஆலங்குடாவில் இருக்கிறது எங்கள் வீடு. இரண்டு அறை, ஒரு ஹோல், முன்னால் சிறு விறாந்தை. 2007இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டத்தில் கட்டம் கட்டமாகக் கிடைத்த பணத்தோடு, என் ஆசிரியச் சம்பளத்தைக் காட்டி எடுத்த கடனையும் சேர்த்து எழுப்பியது. வீட்டுக்குக் கல், மேலே ஓடு. குசினி மட்டும் பின்வளவில் தனியே, கிடுகால் வேய்ந்து கிடுகாலேயே அடைத்தது. வீட்டுக்கு ஓடு போட்ட நாளில்கூட உம்மா அதில் கைவைக்க விடவில்லை.

"இது இப்பிடியே கிடக்கட்டும் வாப்பா. அங்க போகக்குள்ள ஆர் இதைத் தூக்கிக்கொண்டு போறது?"

எங்கள் வீட்டில் 'அங்க' என்றால் ஒரே இடம்தான். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி.

1990 ஒக்டோபரின் கடைசி நாட்களில் வடக்கின் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தாருக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசம்தான் கிடைத்தது. எங்களுக்குச் சில நாட்கள் கிடைத்தன. வடக்கு முழுவதிலுமிருந்து 75,000 பேர் வரை இப்படி வெளியேறினர் என்பது இன்று எல்லோரும் எழுதும் கணக்கு. அந்தக் கணக்கில் நானும் ஒருவன், வயது 12. கடற்கரையில் காத்துக் கிடந்து, படகேறி, கற்பிட்டிக் கரையில் இறங்கினோம். வெளிக்கிட்ட அன்று காலையும் உம்மா அடுப்பு மூட்டிச் சோறு வைத்திருந்தார். பானை அடுப்பிலேயே நின்றது. நெருப்பை அணைத்துவிட்டு வந்தேனா இல்லையா என்பது மட்டும் அவருக்கு இன்றுவரை ஞாபகம் வரவில்லை. நகையைப் பற்றி, வளவிலே விட்டு வந்த ஆடுகளைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. அடுப்பைப் பற்றித்தான் பேசுவார்.

கரையில் இறங்கிய எங்களுக்குக் கற்பிட்டி மக்களும் புத்தளம் மக்களும் சோறாக்கிக் கொண்டு வந்தார்கள். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் எங்களுக்காகத் திறந்தன. நாங்கள் ஆறு பேர் ஒரு சகனைச் சுற்றியிருந்து சாப்பிட்ட அந்த முதற்சோறு எந்த வீட்டு அடுப்பில் வெந்தது என்று எனக்குத் தெரியாது. பல வருடங்கள் கழித்து இந்த ஊரிலேயே பெண்ணெடுத்தேன். "எங்க உம்மாவும்தான் அப்ப ஆக்கி அனுப்பினா" என்று மனைவி ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள். இருக்கலாம்.

பிறகு முகாம். மூன்று கல், ஒரு பானை, கிணற்றடியில் நீண்ட வரிசை. கிடுகுக் கொட்டில்கள் நெருக்கமாக நின்றதால் ஒரு குசினியில் பறந்த பொறி பத்துக் குடும்பங்களை வெளியில் நிறுத்தியதுமுண்டு. ஆறு மாதம், ஒரு வருடம் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கொண்டிருந்தவர்கள் எவரும் குசினிக்கு அத்திவாரம் போடவில்லை. திரும்பிப் போகிறவனுக்கு அத்திவாரம் எதற்கு?

வாப்பா ஒருமுறை மனம் மாறினார். 2001 கடைசியில் குசினி கட்டவென்று நூறு சீமெந்துக் கல் வாங்கி வளவில் அடுக்கினார். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த ஊடகவியலாளர் சந்திப்பில், முஸ்லிம்களை வெளியேற்றியது தவறென்று புலிகளின் தரப்பிலிருந்தே சொல்லப்பட்டது. அடுத்த கிழமையே வாப்பா அந்த நூறு கல்லையும் வாங்கிய விலைக்கு விற்றுவிட்டார். இரண்டு வருடத்தில் அவர் மௌத்தானார். அவருடைய கபுறு இந்த மணலில்தான் இருக்கிறது.

போர் 2009 மே மாதம் முடிந்தது. மறு வருடம் அநுராதபுரம், மதவாச்சி வழியாக நான் போய்ப் பார்த்தேன். வளவு முழுக்க உடைமரம். கூரையில்லை, கதவில்லை, நிலைகளையும் பெயர்த்திருந்தார்கள். குசினியின் அத்திவாரம் மட்டும் நாலு மூலையும் குலையாமல் கிடந்தது. உள்ளே பாதி மண்ணில் புதைந்து உம்மாவின் அம்மி. திரும்பி வந்து, "அடுத்த முறை வேன் பிடிச்சுப் போய் அம்மியைக் கொண்டு வரட்டா?" என்று கேட்டேன். "வேணாம். அது அங்கயே கிடக்கட்டும்" என்றார். "அடுப்படியில என்ன கிடந்திச்சு?" என்று கேட்டார். மண் என்றேன். சற்று நேரம் பேசாமலிருந்தார்.

இந்தக் கதையெல்லாம் தெரிந்தவள்தான் என் மனைவி. ஆனாலும் இருபது வருடமாக மாரியில் ஒழுகும் கிடுகுக்குக் கீழே குனிந்து நின்று சமைத்தவளும் அவள்தான். கிடுகை வருடத்துக்கொரு தடவை மாற்றவேண்டும். தென்னை நிறைந்த இந்தப் பக்கத்திலும் இப்போது கிடுகு பின்னுவோர் குறைந்துவிட்டார்கள். "மாமி அங்க போற எண்ணத்தில இருக்கிறா. சரி. நான் எங்க போறது?" என்று ஒருமுறை கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

மேசன் பாஸ் வந்தார். பன்னிரண்டுக்குப் பத்து அடி. கொங்கிரீட் மேசை, அதன்மேல் கருங்கல் பலகை, சுவரில் நாலடி உயரத்துக்கு டைல்ஸ், அலுமாரி, சிங்க். 2019இல் ஆயிரம் ரூபா மட்டில் விற்ற சீமெந்து மூடை 2022இல் மூவாயிரத்தைத் தாண்டிப்போனதையும், அதன் பிறகு எதுவும் பழைய விலைக்கு இறங்காததையும் விளக்கிவிட்டு, பதினான்கு இலட்சம் என்று ஒரு தாளில் எழுதித் தந்தார்.

என் கையில் ஆறு இலட்சம் இருந்தது. மீதிக்கு என் மனதில் ஒரு வழி இருந்தது. எருக்கலம்பிட்டி வளவை ஒருவர் விலைக்குக் கேட்டிருந்தார். வருடத்தில் ஒருமுறை போய் உடைமரம் வெட்டி வேலி பார்த்துவிட்டு வருவதைத் தவிர அந்த வளவால் எங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. என் பிள்ளைகள் இங்கே பிறந்து இங்கே படிக்கிறார்கள். உம்மாவுக்கு வயது 74. விற்பதைப் பற்றி நான் மனைவிக்கு மட்டும் சொன்னேன்.

பாஸ் முளையடித்துக் கயிறு பிடித்த காலையில்தான் உம்மா வெளியே வந்தார். கையில் தஸ்பீஹ். கயிற்றுக்கு வெளியே நின்றபடி, "அடுப்பு எந்தப் பக்கம் பாஸ்?" என்றார்.

"மேற்குப் பக்கம் உம்மா. அதுக்கு மேல ஜன்னல். புகை நேரா வெளியில போகும்."

"சோளகம் தொடங்கினா?"

பாஸ் உள்ளூர்க்காரர் அல்லர். மே தொடங்கிச் செப்டெம்பர் வரைக்கும் கடலிலிருந்து வீசும் காற்று இந்தக் குடாநாட்டில் என்ன செய்யுமென்று அவருக்குத் தெரியாது. மேற்கு ஜன்னலைத் திறந்தால் புகை வெளியே போகாது; மணலும் சேர்ந்து சோற்றுப் பானைக்குள் வரும். அடுப்பு கிழக்குச் சுவருக்கு மாறியது. அதற்கு மேலே கூரையைத் தாண்டி நிற்கும்படி ஒரு புகைபோக்கி. முப்பது வருடமாகப் புகை குடித்து இருமும் உம்மா, தனக்கென்று கேட்ட ஒரே பொருள் அந்தப் புகைபோக்கிதான்.

விறகடுப்பு எதற்கு, கேஸ் போதுமே என்றார் பாஸ். இதற்கு மனைவியே பதில் சொன்னாள். 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாட்டின் பல இடங்களில் கேஸ் அடுப்புகள் வெடித்ததை எல்லோரும் அறிவோம். மறு வருடம் கேஸே இல்லாமற்போனது. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டரின் விலை 4,860 ரூபாவுக்குப் போனது. அந்த விலைக்கும் நாட்கணக்கில் வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் அணையாமல் எரிந்தது உம்மாவின் கிடுகுக் குசினிதான். டைல்ஸ் பதித்த குசினி உள்ளவர்களும் அரிசி களைந்த பானையோடு பின்வாசலால் வந்தார்கள். பொச்சுமட்டையும் சிரட்டையும் காய்ந்த பாளையும் இந்த ஊரில் பணம் கொடுக்காமல் கிடைப்பவை. உம்மா எல்லோருடைய பானையையும் முறை வைத்து ஏற்றினார். 1990இல் வாங்கிய சோற்றுக்கு அவர் மனதில் ஒரு கணக்கு இருந்திருக்கக்கூடும்.

ஆகவே இரண்டும் வேண்டும் என்றானது. விறகுக்கு இரண்டு பானை ஏறும் அனகி அடுப்பு. ஒரே நெருப்பில் சோறும் ஆணமும் ஆகும், விறகும் குறையும். கேஸ் சிலிண்டர் சுவருக்கு வெளியே. கேஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் நிலத்தோடு படுக்கும் என்பதால் சுவரின் அடியில் இரண்டு காற்றுத் துளை.

அடுத்தது கழிவுநீர். சிங்கின் பைப்பைக் கிணற்றுப் பக்கமாக இறக்கினால் செலவு குறையும் என்றார் பாஸ். குடாநாட்டின் தண்ணீர் மணலுக்குள் நிற்கும் தண்ணீர். மேலே எதை ஊற்றினாலும் விரைவில் கீழே இறங்கிவிடும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடும் உரத்தால் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வரம்பாகச் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கொதிக்கவைத்தாலும் அது போகாது. அதன்மேல் எங்கள் சவர்க்காரத் தண்ணீரும் வேண்டாமென்று, கிணற்றிலிருந்து ஐம்பது அடிக்கு அப்பால், வாழையடிக்குப் பைப்பைக் கொண்டுபோகச் சொன்னேன். உம்மா கை கழுவும் தண்ணீரில்தான் அந்த வாழைகள் இத்தனை காலமும் நின்றன.

அன்று இரவு இஷாத் தொழுதுவிட்டு உம்மா என்னைக் கூப்பிட்டார்.

"இவ்வளவு காசு எங்கால மகன்?"

பொய் சொல்லலாமென்று வந்தது. முடியவில்லை. வளவைப் பற்றிச் சொன்னேன். யார் கேட்டது, எவ்வளவு, எல்லாவற்றையும் சொன்னேன். உம்மா கோபப்படவில்லை.

"குசினியைக் கட்டு. நான் வேணாமெண்டு சொல்லயில்ல. அவளும் எத்தின வருசமா மழையில நிக்கிறாள். ஆனா அதை வித்து இதைக் கட்டாத."

"அங்க ஆரும்மா போகப்போறது?"

"நான் போகமாட்டன். அது எனக்கும் தெரியும். உன்ட வாப்பாவை இங்க விட்டுட்டு எங்க போறது? ஆனா, நான் போகாம இருக்கிறது வேற. போக இடமில்லாம இருக்கிறது வேற."

எனக்குத் தெரிந்த சட்டமும் அரசியலும் இந்த வித்தியாசத்தை இவ்வளவு தெளிவாக எனக்குச் சொல்லித் தரவில்லை. போர்க்காலத்தில் காணியை விட்டுப் போனவர்களின் உரித்தைப் பாதுகாக்க 2016இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. நாங்கள் விற்றிருந்தால் எங்களைப் பாதுகாக்கச் சட்டத்துக்கு வேலையே இருந்திராது; எங்கள் கையெழுத்தோடேயே எல்லாம் முடிந்திருக்கும். புத்தளத்தில் கல்வீடு கட்டியவர்களுக்கு இனி ஊர் எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். குசினி கட்டத் தயங்கிய எங்கள் ஆட்கள் பலரும் இந்தக் கேள்விக்குப் பயந்தவர்கள்தான். ஓரிடத்தில் நன்றாக இருப்பதற்கு இன்னோரிடத்தை விட்டுக்கொடுத்தாக வேண்டும் என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தது? நானே அதை நம்பித்தானே விலை பேசினேன்!

மறுநாள் மனைவியும் நானும் பாஸின் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கருங்கல் பலகையை முதலில் வெட்டியது அவள்தான். பிறகு டைல்ஸ், அலுமாரி. "நிமிர்ந்து நிக்க ஒரு இடம், ஒழுகாத கூரை. அது காணும்" என்றாள். குசினி பத்துக்கு ஒன்பதாகச் சுருங்கியது. சீமெந்து மேசை, மினுக்கிய சீமெந்து நிலம். இரண்டு விடயங்களில் மட்டும் நான் செலவைக் குறைக்க விடவில்லை. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து வெடிக்காமலிருக்கக் கொங்கிரீட்டின் கனம் குறையக்கூடாது. கடல்மணல் ஒரு கூடைகூடச் சேரக்கூடாது. கணக்கு ஆறரை இலட்சத்தில் நின்றது. ஐம்பதாயிரம் கடன்.

அத்திவாரம் வெட்டிய அன்று உம்மா 'பிஸ்மி' சொல்லி முதற்கல்லைத் தொட்டுக் கொடுத்தார். கிடுகுக் குசினியைப் பிரித்தபோது அவர் உள்ளே இருந்தார். வெளியே வந்து பார்க்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஒரு கிழமை முன்னதாக வேலை முடிந்தது. முதல் நாள் மனைவி சோறும் மீன் ஆணமும் ஆக்கினாள். சோளகம் வீசிக்கொண்டிருந்தது. புகை நேராகப் போகாவிட்டாலும் உள்ளே திரும்பவில்லை. இருந்து சாப்பிட்டோம்.

நள்ளிரவில் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். உம்மா புதிய அடுப்பின் முன்னால் குந்தியிருந்து, சாம்பலின் மேல் கையை விரித்துப் பிடித்திருந்தார். முகாமிலும், கிடுகுக் குசினியிலும், முப்பத்துநாலு வருடமாக ஒவ்வோர் இரவும் அவர் செய்வதுதான்.

"அணைஞ்சிட்டுது. நீ போய்ப் படு மகன்" என்றார்.