இரு தலையும் ஓர் இதயமும்

கைத்தொலைபேசியின் சிறு திரையிலே ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் அருகருகே நிற்க, இருவருக்கும் நடுவே சிவந்த இதயம் ஒன்று தோன்றும் சித்திரத்தை அறியாத தமிழ்க் குடும்பம் இன்று ரொறன்ரோவில் இருத்தல் அரிது. அதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை இன்னும் இரண்டு உள. ஒன்றில் இருவர் கைகோத்து நிற்பர். மற்றொன்றில் இருவர் முத்தமிடுவர். இமோஜி என வழங்கும் இச்சித்திரங்களை எம் பிள்ளைகள் நினைத்த மாத்திரத்தில் அனுப்பிவிடுகின்றனர். பெற்றோராகிய எம்மவர் பலரோ, இவற்றை அனுப்பலாமா, வந்தால் எவ்வாறு பொருள் கொள்வது என்று தயங்கி நிற்கின்றனர். இதனைச் சிறு விடயம் என்று ஒதுக்குவதற்கில்லை. குடும்பம் பிரிந்து வாழ நேர்ந்த அகதிகளாகிய எமக்கு, கணவன் மனைவிக்கு எழுதும் ஒரு வரியும் ஒருநாள் அரசாங்கக் கோப்பில் ஏறக்கூடும். ஆகவே இச்சித்திரங்களின் பொருளையும் பயனையும் பற்றிச் சிறிது சிந்தித்தல் நன்று. இதனை எழுதும் நாம் இருவரும் கணவனும் மனைவியுமாவோம். நான்கு ஆண்டுகள் கடிதத்தாலேயே இல்லறம் நடத்தியவர்கள் என்ற ஒரே தகுதியால் இங்கு பேசத் துணிகிறோம்.

இமோஜி என்பது யப்பானியச் சொல். 'எ' என்றால் படம். 'மொஜி' என்றால் எழுத்து. 1999ஆம் ஆண்டில் யப்பானின் டொகோமோ தொலைபேசி நிறுவனத்துக்காக ஷிகெதக்கா குரிதா என்பவர் 176 சிறு படங்களை அமைத்தார். ஒவ்வொன்றும் நெடுக்கே 12, குறுக்கே 12 புள்ளிகளுக்குள் அடங்கியது. இதயமும் உடைந்த இதயமும் அன்றே அத்தொகுதியில் இருந்தன. பின்னர், உலக மொழிகளின் எழுத்துகளுக்குப் பொது எண் வழங்கும் யுனிகோட் ஒழுங்கு, 2010இல் வெளியான 6.0 பதிப்பில் இத்தகைய படங்கள் பலவற்றுக்கும் எண் வழங்கியது. கைகோத்த இணை, முத்தமிடும் இணை, இதயத்தை நடுவே கொண்ட இணை ஆகிய மூன்றும் அப்பதிப்பிலேயே இடம்பெற்றன.

எமது தமிழ் எழுத்துக்கு இடம் தந்ததும் இதே ஒழுங்குதான் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். தொண்ணூறுகளில் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கட்டுரையை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தாறுமாறாய்க் கிடந்ததை எம்மவரில் எத்தனையோ பேர் கண்டிருக்கிறோம். எழுதியவர் எழுதியது ஒன்று, பெற்றவர் கண்டது வேறொன்று.

இணைச் சித்திரங்களுக்கும் இந்த இடர் உண்டு. எண் பொதுவாயினும், படத்தை வரைவது அந்தந்தத் தொலைபேசி நிறுவனமே. ஆகையால் ரொறன்ரோவில் புறப்பட்ட முகமும் யாழ்ப்பாணத்தில் சென்று சேர்ந்த முகமும் ஒன்றாய் இருப்பதில்லை. தனி மனிதரின் படங்களுக்கு ஐந்து வகைத் தோல் நிறங்கள் 2015இலேயே வந்துவிட்டன. ஆனால் இதயம் கொண்ட இணைக்கும் முத்தமிடும் இணைக்கும் நிறம் தெரிவுசெய்யும் வசதி 2020இல் வகுக்கப்பட்ட தொகுதியில்தான் கிடைத்தது. அதுவரை அவ்விருவரும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தவரே. நிறம் சேர்த்த ஆண் பெண் இணை உண்மையில் ஒரு தனி எழுத்தன்று. பெண், இதயம், ஆண் என்னும் தனித்தனிப் படங்களைக் கண்ணுக்குப் புலப்படாத ஓர் இணைப்புக் குறி சேர்த்துக் கட்டியிருக்கிறது. பழைய தொலைபேசி அக்கட்டை அறியாது. அங்கே பெண் தனியே, இதயம் தனியே, ஆண் தனியே வந்து நிற்பர். பிரிந்து வாழும் தம்பதியர் இதனைக் கண்டு மனம் கலங்க வேண்டியதில்லை. அனுப்பியவர் சேர்த்தே அனுப்பினார் என்று கொள்க.

இவை கருவியின் குறைகள். இவற்றிலும் பெரிது, எமது வழக்கத்துக்கும் இச்சித்திரங்களுக்கும் இடையிலுள்ள தூரம். கணவன் பெயரை மனைவி வாய்விட்டுச் சொல்லாத வீடுகளில் நாம் வளர்ந்தோம். "இஞ்சாருங்கோ" என்ற ஓர் அழைப்பும் "என்னப்பா" என்ற ஒரு மறுமொழியும் ஒரு வாழ்நாளுக்குப் போதுமாயிருந்தன. குழம்பிலே நல்ல மீன் துண்டு யாருடைய கோப்பைக்குப் போகிறது என்பதைக் கொண்டு பிள்ளைகள் பெற்றோரின் அன்பை அறிந்துகொண்டனர். பழந்தமிழ் அகப்பாடல்களிலும் தலைவன், தலைவி என்பதன்றி அவர்தம் இயற்பெயர் கூறும் மரபில்லை. பெயரில்லாத இருவர் என்ற அளவில் இத்திரைச் சித்திரம் எமக்கு முற்றும் அந்நியமானதன்று.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பள்ளிக்கூடத்திலே முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று நாம் படித்தோம். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் உணவும் விலங்கும் தொழிலும் கருப்பொருள். பிரிதல், இருத்தல் முதலான உணர்வு உரிப்பொருள். முன்னவை இரண்டும் சூழ நின்றே மூன்றாவது விளங்கும். திரைச் சித்திரமோ உரிப்பொருளை மட்டும் ஏந்தி வருகிறது. எந்த ஊர், எந்த நேரம், உண்டாயா, மழையா, பனியா என்ற ஒன்றும் அதில் இல்லை. அவற்றைச் சேர்க்க வேண்டியவர் அனுப்புகிறவரே.

எமது கடிதங்களில் இதற்கு நேர்மாறாகக் கருப்பொருள் மட்டுமே நிறைந்திருந்தது. நாம் 1989இல் மணம் முடித்தோம். அடுத்த ஆண்டு எம்மில் ஒருவர் ரொறன்ரோ வந்து சேர்ந்தார். மற்றவர் யாழ்ப்பாணத்தில் தங்கினார். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் எழுதப்பட்ட கடிதம், கிளாலிக் கடனீரேரியைப் படகில் கடந்து, கொழும்பு சென்று, அங்கிருந்து சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்புக்கு வந்து சேர வாரங்கள் பல கழியும். வழியில் யார் யார் பிரிப்பர் என்பது தெரியாது. வந்து சேர்ந்தாலும் ஓர் அறையில் ஐவர் வாழ்ந்த வீட்டிலே அதனைத் தனியே வாசிக்க இடமில்லை. அங்கேயோ மாமியாருக்கும் மைத்துனிக்கும் உரக்க வாசித்துக் காட்டப்பட வேண்டும். ஆகவே மண்ணெண்ணெய் விலை, குட்டி ஈன்ற ஆடு, அம்மாவின் இருமல், உணவகத்தில் இரவு வேலை, முதற் பனி, அனுப்பிய காசு என்பவற்றையே எழுதினோம். 'அன்புள்ள' என்று தொடங்கி 'இப்படிக்கு' என்று முடியும் வரை அன்பு என்ற சொல் வேறெங்கும் வராது.

துணைவரை அழைக்கும் விண்ணப்பத்துக்கு அக்கடிதங்களே எமது சான்றாயின. நேர்முகத்தின்போது அதிகாரி ஒருவர் மொழிபெயர்ப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கணவன் மனைவி எழுதும் கடிதங்களில் ஆடும் எண்ணெயும் அன்றி வேறொன்றும் இல்லையே என்று கேட்டார். "இரவு வேலை முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுக்க வேண்டாம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதியிருக்கிறேன். அதைக் கணவனுக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவது?" என்பதே எம்மில் ஒருவர் சொன்ன மறுமொழி. 1994இல் அனுமதி கிடைத்தது. அந்த மறுமொழியாற்தான் கிடைத்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அக்கேள்வி முப்பது ஆண்டுகளின் பின்னும் எமது சமூகத்தை விட்டு அகலவில்லை என்பதையே இங்கு சுட்டுகிறோம்.

கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின் 4ஆம் பிரிவு, திருமணம் உண்மையானதாக இருக்க வேண்டும் என்றும், குடிவரவு உரிமை பெறுவதே அதன் முதன்மை நோக்கமாக இருக்கக் கூடாது என்றும் வரையறுக்கிறது. இரண்டில் எது தவறினும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். உறவுக்குச் சான்றாகக் கடிதங்களோடு அச்சிட்ட குறுஞ்செய்திகளும் மின்னஞ்சல்களும் சமூக ஊடக உரையாடல்களும் இன்று சமர்ப்பிக்கப்படுகின்றன. இதனால் எம்மவரிடையே ஓர் ஆலோசனை வாய்வழியாகப் பரவியுள்ளது. அச்சிடுமுன் இதயங்களையும் இணைச் சித்திரங்களையும் நாள்தோறும் அனுப்பி வையுங்கள். வெள்ளைக்காரருக்கு அதுதான் விளங்கும் என்பதே அது.

எமது உறவினர் வீட்டு இளம் பெண் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து தம் கணவருக்கு அவ்வாறே அனுப்பி வந்தார். காலை ஏழு மணிக்கு ஓர் இணை, இரவு பத்து மணிக்கு ஓர் இணை, ஒருநாளும் தவறியதில்லை. முன்னர் அவர் கேட்டு வந்த "இண்டைக்கு என்ன சமைச்சீங்கள்?" என்ற கேள்வி மெல்ல மெல்ல நின்றுபோயிற்று. கணவருக்கு அச்சித்திரங்கள் மருந்துச் சீட்டைப் போலாகிவிட்டன. ஒருநாள் அவரே தொலைபேசியில் அழைத்து, "கோப்புக்கு அனுப்பினது போதும், எனக்கு ஏதாவது எழுதும்" என்று சொன்னாராம். இதனைக் கேட்டபோது எமக்குச் சிரிப்பும் வந்தது, துயரும் வந்தது. கோப்பை நிரப்ப அனுப்பும் சித்திரம் கோப்பையும் நிரப்பாது, மனத்தையும் நிரப்பாது. நாள் தவறாது ஒரே நேரத்தில் ஒரே படம் வந்தால், அதிகாரிக்கும் ஐயம் எழக்கூடும் அன்றோ? குழந்தையின் காய்ச்சல் பற்றியும் மாமாவின் மரணச் சடங்கு பற்றியும் இருவர் மாறி மாறிப் பேசியிருந்தால், அந்த உறவை எவரும் எளிதில் புனைந்தது என்று சொல்ல முடியாது.

சித்திரம் வெறும் விளையாட்டு என்று எண்ணுவோரும் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும். 2021இல் சஸ்கச்சுவான் மாகாணத்தில் தானியக் கொள்வனவாளர் ஒருவர் ஆளிவிதை ஒப்பந்தம் ஒன்றைத் தொலைபேசியில் அனுப்ப, விவசாயி பெருவிரலை உயர்த்திய சித்திரத்தை மறுமொழியாக அனுப்பினார். விதை வந்து சேரவில்லை. 2023இல் நீதிமன்றம் அச்சித்திரம் கையொப்பத்துக்கு ஈடானது என்று கொண்டு, 82,000 டொலருக்கு மேல் இழப்பீடு செலுத்தத் தீர்ப்பளித்தது. 2024இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. ஒரு விரலின் நிலை இதுவாயின், இரு தலைகளும் ஓர் இதயமும் சேர்ந்த சித்திரத்தை அறிமுகமில்லாதவருக்கும் வேலைத்தலத்து நண்பருக்கும் விளையாட்டாக அனுப்புதல் தகாது என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

வீட்டுக்குள்ளும் ஒரே படத்துக்குத் தலைமுறைக்கு ஒரு பொருள் உண்டு. ஊரிலே பள்ளித் தோழர் இருவர் தோளிற் கைபோட்டும் கைகோத்தும் தெருவிற் செல்வது இயல்பு. அந்த நினைவில் பெரியவர் ஒருவர் தம் பழைய நண்பருக்குக் கைகோத்த இரு ஆண்களின் சித்திரத்தை அனுப்புகிறார். இங்கு பிறந்த பேரனுக்கு அது காதலர் இருவரின் அடையாளம். ஒன்ராறியோவில் 2003 முதலும் கனடா முழுவதும் 2005 முதலும் ஒருபாலினத் திருமணம் சட்டபூர்வமானது என்பதை அறிந்து வளர்ந்த பிள்ளை அவன். இருவரிலும் எவரும் தவறாகப் படிக்கவில்லை. தாத்தாவுக்கு அவர் நட்பை அனுப்பும் உரிமை உண்டு. தன் வாழ்வை அப்படத்தில் காணும் பிள்ளை எமது வீட்டிலேயே இருக்கவும் கூடும். ஆகையால் நகைக்காமலும் சீறாமலும் ஒருவர் மற்றவரிடம் பொருள் கேட்டறிவதே அழகு. குடும்பத்தார் அனைவரும் கூடியிருக்கும் வட்ஸ்அப் குழுவில் திருமண நாளன்று தாய் தந்தைக்கு முத்தமிடும் சித்திரம் அனுப்பினால், பிள்ளைகள் கேலி செய்யாமல் விட்டுவிட வேண்டும். அவர் எவ்வளவு தூரம் கடந்து வந்து அதனை அழுத்தினார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

எமக்கு அது தெரியும். 2020இன் இளவேனிலில் எம்மில் ஒருவர் ஸ்காபரோவில் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. பெருந்தொற்றுக் காலமாகையால் பார்வையாளருக்கு அனுமதியில்லை. வாய் திறந்து பேசவும் மூச்சில்லை. அன்றிரவு வீட்டிலிருந்தவர் கைகோத்த இணையின் சித்திரத்தை அனுப்பினார். திருமணமாகி முப்பத்தொரு ஆண்டுகளில் நாம் தெருவிலே கைகோத்து நடந்ததில்லை. இச்சித்திரத்தை அனுப்பியதும் அதுவே முதன்முறை. சற்று நேரம் சென்று மறுமொழி வந்தது: "சாப்பிட்டாச்சோ?" அவ்விரு செய்திகளையும் நாம் இன்றுவரை அழிக்கவில்லை. படம் தனித்து வந்திருந்தால் அது அச்சத்தையே கூட்டியிருக்கும். கேள்வி தனித்து வந்திருந்தால் அது பழைய கேள்வியாய் இருந்திருக்கும். இரண்டும் சேர்ந்தபோதுதான் முழுச் செய்தியாயிற்று.

ஆகவே வாசகர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. பிரிந்திருக்கும் கணவருக்கோ மனைவிக்கோ இணைச் சித்திரத்தை அனுப்ப நாணாதீர்கள். ஊர்க் கட்டுப்பாட்டால் நாம் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை அது மெல்லச் சொல்லும். ஆனால் அதனோடு ஒரு வரி தமிழும் எழுதுங்கள். இன்று எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், பேருந்துக்காக எவ்வளவு நேரம் குளிரில் நின்றீர்கள், கிணற்றில் நீர் எவ்வளவு நிற்கிறது, பிள்ளை என்ன புதுச் சொல் சொன்னது என்று எழுதுங்கள். விண்ணப்பக் கோப்புக்கு அச்சிடும் நாள் வந்தால், இதயங்களை எண்ணிப் பொறுக்காமல் அந்த வரிகளையும் சேர்த்தே அச்சிடுங்கள். நல்ல மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு முழுமையாக மொழிபெயர்ப்பியுங்கள். எமது மக்களின் இல்லறம் மண்ணெண்ணெய் விலையிலும் அம்மாவின் இருமலிலும்தான் எழுதப்பட்டு வந்திருக்கிறது. அதனை வாசிக்கத் தெரியாதவருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பதும் எம் கடமையே.