பொது மைதானம்

தோட்டங்களுக்கிடையே நடந்த உதைபந்தாட்டப் போட்டியொன்றின் இறுதியாட்டத்துக்கு இடம் தெரிவு செய்யும் பொறுப்பு, அண்மையில் ஆசிரியர்களாகிய எம் மூவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இறுதிக்கு வந்த அணிகள், ஓர் ஆற்றின் இரு கரைகளிலுமுள்ள தோட்டங்களைச் சேர்ந்தவை. முந்திய ஆண்டு இவை மோதியபோது கல் பறந்தது. ஓர் இளைஞனின் நெற்றி பிளந்தது. எனவே இவ்வாண்டு எவருடைய மைதானமும் வேண்டாம், பொதுவான ஓரிடம் வேண்டும் என்று இரு சாராரும் கேட்டனர். கேட்பது எளிது. மலைநாட்டில் சமதரை காண்பதே அரிது. பொதுவான சமதரை காண்பது அதனினும் அரிது.

இங்கே சரிவெல்லாம் தேயிலை. தரை சற்றே தட்டையாக வாய்த்த இடங்களில் ஆங்கிலத் துரைமார் தம் கழகங்களையும் ஆடுகளங்களையும் அமைத்துக்கொண்டனர். டிக்கோயாவில் தரவளை, நானுஓயாவுக்கு அருகில் ராதெல்ல, நுவரெலியாவில் குதிரைப் பந்தயத் திடலும் கோல்ஃப் திடலும் என அப்பட்டியல் நீளும். தொழிலாளியின் பிள்ளையோ பெரட்டுக்களத்திலேதான் பந்து உதைக்கக் கற்றான். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்த அதே மண்ணில் மாலையில் கந்தைத் துணிப் பந்து உருண்டது. பின்னர் இளைஞர்கள் மண்வெட்டி எடுத்து, மலையை வெட்டிச் சில தோட்டங்களில் மைதானம் ஆக்கினர். வியர்வை அவர்களுடையது, நிலம் அவர்களுடையதன்று. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாகி, 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன நிலம் அது.

எம்மில் ஒருவர், துரைமார் கழகமொன்றின் மைதானத்தைக் கேட்டுப் பார்க்கலாம் என்றார். சீராக வெட்டிய புல், நல்ல வேலி, இரு தோட்டத்தாருக்கும் உரியதன்று. நாமும் உடன்பட்டுத் தலையசைத்தோம். அக்கூட்டத்தில் ஒரு மூலையில் இருந்த முதியவர், இளமையில் கோல் காத்தவர், மெல்லச் சொன்னார்: “அங்க எங்களுக்குப் பந்து பொறுக்கிக் குடுத்துத்தான் பழக்கம், வாத்தியாரையா. ஆடப் போனாலும் காலு வேலியோரந்தான் போகும்.”

நாம் வெட்கினோம். இருவருக்கும் சொந்தமில்லாத இடம் என்பதையே பொதுவிடம் என்று எண்ணிவிட்டோம். மூன்றாமவன் ஒருவன் அங்கே உரிமையாளனாக நிற்பதை மறந்தோம்.

உலக அரங்கிலும் இம்மறதி நேர்ந்ததுண்டு. 2018 ஆம் ஆண்டு தென்னமெரிக்காவின் லிபர்தடோரஸ் கிண்ண இறுதியில் புவனஸ் அயர்ஸ் நகரின் ரிவர் பிளேட், பொக்கா ஜூனியர்ஸ் அணிகள் மோதின. நவம்பர் 24 அன்று பொக்கா அணியினர் வந்த பேருந்து தாக்கப்பட்டது. ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டு, டிசம்பர் 9 அன்று மட்ரிட்டில் நடந்தது. ரிவர் பிளேட் வென்றது. ஸ்பானிய ஆதிக்கத்திலிருந்து அக்கண்டத்தை விடுவித்த வீரர்களின் பெயரைத் தாங்கியது அக்கிண்ணம். அதற்குப் பொதுவிடமாய் அமைந்ததோ ஸ்பெயினின் தலைநகரம்! ஆட்டம் அமைதியாகவே முடிந்தது. ஆனால் ஏறத்தாழ 10,000 கிலோமீற்றர் கடந்து போக, அந்நகரத்து ஏழை ரசிகனால் எங்ஙனம் இயலும்?

ஆடுவோரைக் கேளாமல் அவர்களுக்காக இடம் குறிப்பது மலையக மக்களுக்குப் புதிதன்று. 1964 அக்டோபர் 30 அன்று புதுடில்லியில் கையொப்பமான ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. எந்த நாட்டில் வாழ விருப்பம் என்று அம்மக்களைக் கேட்டு எழுதிய கணக்கல்ல அது.

ஆதலால் நாம் எம் முடிவை ஒதுக்கிவைத்து, இரு அணித் தலைவர்களையும் அழைத்து அருகருகே அமர்த்தினோம். தேநீர் இருமுறை வந்து ஆறியது. தூரம், லொறிக் கூலி, மூன்று மணிக்கு மேல் இறங்கும் பனிமூட்டம் ஆகிய அனைத்தையும் அவர்களே எண்ணினர். முடிவில் ஹட்டன் டன்பார் மைதானம் என்று இருவரும் ஒரே வாயாகக் கூறினர். நகரத்தாரும் தோட்டத்தாரும் கூடிப் பழகிய தரை அது. ஒரு தோட்டம் சற்றுத் தொலைவு. ஆகவே லொறிக் கூலியை இரு தோட்டத்தாரும் சமமாகப் பகிர்வது என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடந்தது, கல் பறக்கவில்லை. ஆயினும் ஒரு குறையை மறைப்பதற்கில்லை. தோட்டத்து மைதானமென்றால் லயத்து மேட்டில் நின்றபடியே பார்த்திருப்பர் பெண்கள். ஆறு நாள் கொழுந்து பறித்தவர்களுக்கு ஏழாம் நாள் விறகும் துணியும் காத்திருக்கின்றன. லொறியிலோ இடமும் இல்லை. மகன் போட்ட கோலை, இரவு அவன் வாயால் கேட்டே மகிழ்ந்தாள் ஒரு தாய்.

அவளும் நடந்து வந்து பார்க்கக்கூடிய தொலைவில், எவரிடமும் கையேந்தாமல் ஆடக்கூடிய மைதானம் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் அமையவேண்டும். அதைக் கேட்பது விளையாட்டுப் பேச்சன்று. நிலத்தைப் பற்றிய பேச்சு. அதைப் பேசும் கடமை எம் போன்ற ஆசிரியர்களுக்கும் உண்டு.