முதல் சுற்றில் யார் யார்?



இம்முறை, நம் நாட்டில் பலரும் பார்த்திராத ஒரு விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். சரியாகச் சொன்னால், அவ்விளையாட்டுக்கு ஆள் தெரிவு செய்யும் முறையைப் பற்றியும், அந்தத் தெரிவை முன்கூட்டியே கணித்துச் சொல்லும் பழக்கத்தைப் பற்றியும் எழுதப் போகிறேன். நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். படித்து முடித்தபின் நீங்களே சொல்லுங்கள்.

அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று அழைப்பது நம் பிள்ளைகள் திடலில் உதைத்து விளையாடும் காற்பந்து அன்று. அது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் மோதியும் ஆடும் ஆட்டம். அதன் தொழில்முறைப் போட்டியான என்.எஃப்.எல்.லில் 32 அணிகள் உள்ளன. ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில், பல்கலைக்கழகங்களில் ஆடிய இளைஞர்களை இவ்வணிகள் முறைவைத்துத் தெரிவு செய்கின்றன. இதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். இரண்டு தலைவர்கள் எதிரெதிரே நின்று மாறி மாறிப் பெயர் அழைத்து அணி பிரிப்பதை நாம் எல்லாப் பள்ளித் திடலிலும் பார்த்திருக்கிறோம் அல்லவா? ஏறக்குறைய அதுதான். ஆனால் இங்கே ஏழு சுற்றுகள், கோடிக்கணக்கான பணம், தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு.

இதில் ஒரு நல்ல விதி உண்டு. முந்திய பருவத்தில் மிக மோசமாகத் தோற்ற அணிக்கே முதலில் தெரிவு செய்யும் உரிமை. வெற்றிக் கிண்ணம் வென்ற அணி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். தம் அணி தொடர்ந்து தோற்றுக் கொண்டிருந்த காலத்தில், பிலடெல்பியா ஈகல்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் 1935இல் இந்த யோசனையை முன்வைத்தார். 1936இல் முதல் டிராஃப்ட் நடந்தது. அதில் முதல் பெயராக அழைக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறைக் களத்தில் ஒரு நாள்கூட ஆடவில்லை. தெரிவின் வரலாறே இப்படித்தான் தொடங்கியது!

அமெரிக்காவில் படிக்கும் என் அக்காள் மகன்தான் இந்தப் பைத்தியத்தை எனக்கு ஒட்டவைத்தவன். ஒவ்வோர் ஆண்டும் முதல் சுற்றுக்கான 32 பெயர்களை அவன் எழுதி அனுப்புவான். நானும் என் பட்டியலை அனுப்புவேன். அங்கே வியாழன் இரவு எட்டு மணி என்றால் இங்கே வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. நான் வகுப்பில் இருப்பேன். ஓய்வு நேரத்தில் கைப்பேசியைத் திறந்தால், "மாமா, நம் பட்டியல் நான்காம் இடத்திலேயே கவிழ்ந்துவிட்டது" என்று செய்தி வந்திருக்கும்.

ஏன் கவிழ்கிறது? கணிப்பவர்களிடம் தகவலுக்குப் பஞ்சமில்லை. ஆட்டக்காரர்களின் பல்கலைக்கழக ஆட்டங்கள் அனைத்தும் ஒளிப்பதிவில் உள்ளன. டிராஃப்டுக்கு முன்னர் இண்டியானாபோலிஸ் நகரில் ஒரு பெரும் சோதனை நடக்கிறது. அங்கே உயரம், எடை, கையின் நீளம், விரித்த கைவிரல்களின் அகலம் என அனைத்தையும் அளக்கின்றனர். 40 கெஜத் தொலைவை எத்தனை விநாடியில் ஓடுகிறான், 225 பவுண்டு எடையை எத்தனை முறை தூக்குகிறான் என்று எண்ணுகின்றனர். மருத்துவர்கள் பழைய காயங்களை ஆராய்கின்றனர். அணிகள் நேர்முகமாகப் பேசிப் பார்க்கின்றன. மெல் கைப்பர் என்பவர் 1984 முதல் இ.எஸ்.பி.என். தொலைக்காட்சியில் இந்த டிராஃப்டை அலசுவதையே தொழிலாகக் கொண்டவர்.

இவ்வளவு இருந்தும், முதல் சுற்றில் இருக்கக்கூடியவர்களுள் பெரும்பாலோரைச் சொல்லிவிடலாமே தவிர, எந்த அணி யாரை எடுக்கும் என்று சொல்வது மிகக் கடினம். ஓர் அணி எதிர்பாராததைச் செய்தால் அதற்குப் பின்னுள்ள எல்லா இடங்களும் நகர்ந்துவிடும். 2024இல் அட்லாண்டா அணி, சில வாரங்களுக்கு முன்புதான் அனுபவமிக்க குவாட்டர்பேக் ஒருவரைப் பெரும் தொகைக்கு ஒப்பந்தம் செய்திருந்தது. குவாட்டர்பேக் என்பவர்தான் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். அப்படியிருந்தும் அவ்வணி எட்டாம் இடத்தில் மைக்கேல் பெனிக்ஸ் என்ற இன்னொரு குவாட்டர்பேக்கையே எடுத்தது. 2025இல் ஜாக்சன்வில் அணி ஐந்தாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்தை விலைகொடுத்து வாங்கி டிராவிஸ் ஹன்டரைப் பெற்றது. அதே ஆண்டில், முதல் சுற்றிலேயே போய்விடுவார் என்று பல வல்லுநர்கள் கூறிய ஷெடுர் சாண்டர்ஸ், ஐந்தாம் சுற்றில் 144ஆம் பெயராக அழைக்கப்படும்வரை காத்திருந்தார்.

இங்கேதான் நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். முதல் சுற்றைக் கணிப்பவர் உண்மையில் எதைக் கணிக்கிறார்? "யார் சிறந்த ஆட்டக்காரர் ஆவார்?" என்பதையா? இல்லை. "தெரிவு செய்பவர்கள் யாரை விரும்புவார்கள்?" என்பதையே அவர் கணிக்கிறார். கணிக்கப்படுவது இளைஞனின் எதிர்காலம் அன்று. மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் பெரியவர்களின் மனம். ஆனால் கேட்பவர் காதில் இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன.

இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு அவ்விளையாட்டின் வரலாறே சான்று. 2000ஆம் ஆண்டில் டாம் பிரேடி என்ற இளைஞர் 40 கெஜத்தை ஓட 5.28 விநாடி எடுத்துக்கொண்டார். மெதுவான ஓட்டம்; மெலிந்த உடல். அவருக்கு முன்னால் 198 பேர் அழைக்கப்பட்டனர். அவர்களுள் ஆறு பேர் அவரைப் போன்றே குவாட்டர்பேக்குகள். ஆறாம் சுற்றில் அழைக்கப்பட்ட பிரேடிதான் பின்னர் ஏழு முறை சூப்பர் பௌல் வெற்றிக் கிண்ணத்தை ஏந்தினார். 2007இல் முதல் பெயராக அழைக்கப்பட்ட ஜமார்கஸ் ரசலோ மூன்றே பருவங்களில் களத்தைவிட்டு வெளியேறினார். 2022இல் கடைசிப் பெயர், 262ஆவது, பிராக் பர்டி. கடைசிப் பெயருக்குரியவரைப் 'பொருட்படுத்தத் தேவையில்லாதவர்' என்று வேடிக்கையாக அழைப்பது அங்கே வழக்கம். அந்தப் பர்டி இரண்டாம் பருவத்திலேயே தம் அணியைச் சூப்பர் பௌல் இறுதியாட்டத்திற்கு அழைத்துச் சென்றார்.

பொருளியலுக்கு நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் கேட் மாசி என்ற ஆய்வாளரும் இந்த டிராஃப்டை ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். முதலில் தெரிவு செய்யும் உரிமைக்கு அணிகள் தகுதிக்கு மிஞ்சிய விலை கொடுக்கின்றன என்பது அவர்கள் கண்டது. ஒரே நிலையில் ஆடுபவர்களுள் முன்னே அழைக்கப்பட்டவர் அடுத்து அழைக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆடுவதற்கான வாய்ப்பு, காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே அதிகம். அவ்வளவுதான்!

இன்னொன்றும் உண்டு. 2011 முதல் உள்ள விதிப்படி, முதல் சுற்றில் அழைக்கப்பட்டவரின் நான்காண்டு ஒப்பந்தத்தை ஐந்தாம் ஆண்டுக்கும் நீட்டிக்கும் உரிமை அணிக்கு உண்டு. மற்ற சுற்றுகளுக்கு அவ்வுரிமை இல்லை. பெரும் பணம் போட்ட அணி பொறுமையாகக் காத்திருக்கும். கடைசியில் வந்தவனுக்கோ ஒரே வாய்ப்பு, தவறினால் வேறொருவன். ஆக, முதலில் அழைப்பது வெறும் கணிப்பாக நிற்பதில்லை. அது காலத்தையும் கவனத்தையும் பொறுமையையும் பங்கிட்டுக் கொடுக்கிறது. 'பார்த்தீர்களா, நான் சொன்னபடியே நடந்தது' என்று பின்னர் சொல்லிக்கொள்ள வழி செய்துவிடுகிறது.

பெற்றோர் சந்திப்பு நாள் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாயார் தேர்ச்சி அறிக்கையைப் பார்த்துவிட்டு, "ஐயா, மறைக்காமல் சொல்லுங்கள். இவன் தேறுவானா?" என்று கேட்டார். பையன் பக்கத்திலேயே நின்றான். அவன் தாயாரைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தான்.

முன்பெல்லாம், "யூ.பி.எஸ்.ஆரில் எத்தனை ஏ எடுப்பான்?" என்று கேட்பார்கள். அத்தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. தேர்வு போய்விட்டது, கேள்வி போகவில்லை.

"அம்மா, பத்தாண்டுக்குப் பிறகு என்ன ஆவான் என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பின்னக் கணக்கில் பகுதி எண் வேறுபட்டால் தடுமாறுகிறான். அதற்கு வாரம் இரண்டு நாள் பள்ளி முடிந்ததும் என்னோடு அரை மணி நேரம் இருக்கட்டும். ஆனால் விடை பிழையானால் அடுத்தவனைப் பார்த்து எழுத மாட்டான். அழித்துவிட்டு மறுபடியும் செய்வான். இதை அளக்க அந்த அறிக்கையில் கட்டம் இல்லை" என்றேன். பையன் தலையைக் குனிந்து கொண்டான். காது சிவந்திருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை அழைக்காமலே வந்து அமர்ந்தான்.

அவன் பிற்காலத்தில் பெரிய ஆளாவான் என்று கூறி இப்பதிவை முடிக்க நான் விரும்பவில்லை. அதுவும் ஒரு கணிப்புத்தானே! பின்னத்தில் இப்போது அவன் தடுமாறுவதில்லை. அதை மட்டும் அறிவேன்.

அன்பர்களே, கணித்து விளையாடுவதில் குற்றமில்லை. என் அக்காள் மகனோடு நான் தொடர்ந்து விளையாடத்தான் போகிறேன். அங்கே என் பட்டியல் கவிழ்ந்தால் எந்த இளைஞனுக்கும் நட்டமில்லை. வகுப்பறையில் அப்படி அன்று. "இவன் முதல் வரிசை, இவன் கடைசி வரிசை" என்று நாம் மனத்துக்குள் எழுதும் பட்டியலைப் பிள்ளைகள் நம் முகத்திலேயே படித்துவிடுகிறார்கள்.

பணத்துக்காக ஆடும் ஒரு விளையாட்டே தோற்றவனுக்கு முதல் உரிமை என்று விதி வகுத்திருக்கிறது. நம் வகுப்பில் முதல் கேள்வியும் முதல் புன்னகையும் யாருக்குப் போகின்றன என்பதை நாளைக் காலை ஒரு பாடவேளை மட்டும் கவனித்துப் பாருங்கள். கண்டதை எனக்கும் எழுதுங்கள்.